கைவேலை செய்வோருக்கு ஏற்படும் மீள்செயல் அழுத்தக் காயங்கள்

கண்ணோட்டம்

ஒரே அசைவை நாள்தோறும் பல்லாயிரம் முறை செய்வதாலும், ஒரே நிலையில் நெடுநேரம் உடலை இறுக்கி வைத்திருப்பதாலும், தசை, தசைநாண், நரம்பு ஆகியவற்றில் சிறிது சிறிதாகச் சேரும் பாதிப்பே மீள்செயல் அழுத்தக் காயம் எனப்படுகிறது. கீழே விழுவதாலோ அடிபடுவதாலோ ஏற்படும் காயத்தைப் போல இது ஒரே நாளில் தோன்றுவதில்லை. ஆகவே, எந்த நாளில் தொடங்கியது என்று பெரும்பாலோரால் கூற இயலாது.

கொத்தனார், சித்தாள், தையற்கலைஞர், நெசவாளர், பீடி சுற்றுவோர், தேயிலை கொய்வோர், துணி தேய்ப்போர், பரோட்டா மாவு பிசைவோர், கல் உடைப்போர், தரைக்கல் பதிப்போர் முதலியோரிடம் இப்பாதிப்பு மிகுதியாகக் காணப்படுகிறது. இது புதிய நோயன்று. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி 1700ஆம் ஆண்டில் வெளியிட்ட தொழில்சார் நோய்கள் பற்றிய நூலிலேயே, ஓயாத ஒரேவகை அசைவும் இயல்புக்கு மாறான உடல்நிலையும் தொழிலாளரின் உடலைக் கெடுப்பதைப் பதிவு செய்துள்ளார்.

தொடக்கத்திலேயே கவனித்தால் பெரும்பாலான பாதிப்புகள் அறுவைச் சிகிச்சையின்றிக் குணமாகும். கவனிக்காமல் விட்டால் பிடிமானம் தளர்ந்து, கைத்தொழிலையே கைவிட நேரிடலாம். கூலியை இழக்காமல் கையைக் காத்துக்கொள்வது எவ்வாறு என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

எவ்வாறு ஏற்படுகிறது?

உழைப்பின்போது தசைகளிலும் தசைநாண்களிலும் நுண்ணிய தேய்மானம் ஏற்படுவது இயல்பு. ஓய்வின்போதும் உறக்கத்தின்போதும் உடல் அதனைச் சரிசெய்துகொள்கிறது. தேய்மானத்தின் வேகம் சீரமைப்பின் வேகத்தை மிஞ்சும்போது காயம் சேரத் தொடங்குகிறது. தசைநாண்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு. ஆகையால் அவை தசைகளைக் காட்டிலும் மெதுவாகவே ஆறுகின்றன.

பின்வரும் நிலைமைகள் பாதிப்பை விரைவுபடுத்தும்:

• மணிக்கட்டை மடக்கியோ வளைத்தோ வைத்து விசையுடன் வேலை செய்தல்
• கைகளைத் தோளுக்கு மேலே தூக்கிச் செய்யும் பூச்சு, வண்ணம் பூசுதல் போன்ற வேலைகள்
• கூர்மழுங்கிய கத்தரி, உளி, அரிவாள் முதலிய கருவிகளை அழுத்திப் பயன்படுத்துதல்
• துளையிடும் இயந்திரம், கான்கிரீட் உடைக்கும் இயந்திரம் ஆகியவற்றின் அதிர்வு
• துண்டுக் கணக்கில் கூலி பெறுவதால் இடைவேளையின்றி உழைத்தல்
• நீரிழிவு, தைராய்டு சுரப்புக் குறைவு, உடற்பருமன், கருவுற்ற காலம்

அடிக்கடி காணப்படும் வகைகள்

மணிக்கட்டு நரம்பு அழுத்தம்: மணிக்கட்டின் உள்ளங்கைப் பக்கத்தில் உள்ள குறுகிய வழியினூடாக ஒரு நரம்பும் ஒன்பது தசைநாண்களும் செல்கின்றன. தசைநாண்களின் உறைகள் வீங்கினால் நரம்பு நசுங்குகிறது. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் ஒரு பாதி ஆகியவற்றில் மரத்துப்போதலும் எரிச்சலும் தோன்றும். சுண்டுவிரல் பெரும்பாலும் பாதிக்கப்படுவதில்லை. இரவில் உறக்கம் கலைந்து, கையை உதறினால் சற்றுக் குறைவது இதன் முக்கிய அடையாளம். மருத்துவர்கள் இதனைக் கார்பல் டனல் சிண்ட்ரோம் என்பர்.

பெருவிரல் அடிப்பகுதி வலி: துணி பிழியும்போதும் பாத்திரத்தைத் தூக்கும்போதும் மணிக்கட்டின் பெருவிரல் பக்கத்தில் சுருக்கென்று வலிக்கும். கத்தரி பிடிப்போரிடமும் கைக்குழந்தையைத் தூக்கும் தாய்மாரிடமும் இது மிகுதி.

விரல் பூட்டிக்கொள்ளுதல்: மடக்கிய விரல் நீள மறுத்து, பின்னர் ‘டக்’ என்று விடுபடும். காலையில் மிகுதியாக இருக்கும். நீரிழிவு உள்ளோருக்கு இது அதிகம் வருகிறது.

முழங்கை வெளிப்புற வலி: ‘டென்னிஸ் எல்போ’ என்று அழைக்கப்பட்டாலும், இதனால் அவதியுறுவோரில் பெரும்பாலோர் டென்னிஸ் ஆடியவர்கள் அல்லர். சுத்தியல் அடித்தல், கரணை பிடித்தல், மாவு பிசைதல் போன்றவற்றால் ஏற்படுகிறது.

தோள் தசைநாண் பாதிப்பு: கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது பாதி உயரத்தில் வலி கூடும். அந்தப் பக்கம் சாய்ந்து உறங்க இயலாது.

முழங்கால் வீக்கம்: மண்டியிட்டுத் தரைக்கல் பதிப்போருக்கு முழங்கால் சில்லின் முன்னுள்ள நீர்ப்பை வீங்குகிறது.

அதிர்வால் வரும் பாதிப்பு: அதிரும் இயந்திரங்களைப் பல மாதங்கள், ஆண்டுகள் பிடித்து உழைப்போருக்கு விரல்கள் மரத்துப்போகும்; குளிரில் வெளுத்துப்போகும். சட்டைப் பொத்தான் போடுவதுகூடக் கடினமாகலாம். முற்றிய நிலையில் இது முழுமையாகக் குணமாவதில்லை. புகைபிடித்தல் இதனை மேலும் கெடுக்கும்.

வலியின் படிநிலைகளை அறிந்துகொள்ளுங்கள்

முதல் நிலையில், வேலையின்போது வலித்து, வீடு திரும்பியதும் அல்லது மறுநாள் காலைக்குள் நீங்கிவிடும். இரண்டாம் நிலையில், வேலை தொடங்கிய சிறிது நேரத்திலேயே வலி வந்து, இரவிலும் நீடிக்கும். மூன்றாம் நிலையில், ஓய்விலும் வலிக்கும், உறக்கம் கெடும், பொருள்கள் கையிலிருந்து நழுவும். முதல் நிலையில் வேலைமுறையைச் சற்று மாற்றினாலே போதுமானதாக இருக்கலாம். மூன்றாம் நிலையை அடைந்தபின் குணமாவதற்குப் பல மாதங்கள் தேவைப்படும். வேலை செய்தால் வலி வருவது சகஜம் என்று எண்ணி முதல் நிலையைக் கடந்துவிடாதீர்கள்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

இரண்டு வாரங்களுக்கு மேல் வலி நீடித்தாலும், விரல்கள் அடிக்கடி மரத்தாலும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ அரசு மருத்துவமனைக்கோ செல்லுங்கள். பின்வருவன இருப்பின் தாமதிக்கக் கூடாது:

• மரத்துப்போதல் நாள் முழுதும் நீங்காதிருத்தல்
• பெருவிரலின் அடியிலுள்ள சதைமேடு வற்றிச் சுருங்குதல்
• பொருள்கள் அடிக்கடி கைநழுவி விழுதல்
• மூட்டு சிவந்து, சூடாகி, காய்ச்சலும் சேர்தல்
• ‘படக்’ என்ற உணர்வுக்குப்பின் கையை உயர்த்த இயலாமற்போதல்

சதைமேடு வற்றுவது நரம்பு நெடுநாளாக நசுங்கியுள்ளதைக் காட்டுகிறது. அந்நிலையில் அறுவைச் சிகிச்சை செய்தாலும் இழந்த வலிமை முழுவதும் திரும்பாதிருக்கலாம். இடக்கை வலியுடன் நெஞ்சு இறுக்கமோ வியர்வையோ மூச்சுத்திணறலோ இருந்தால் அதனை உழைப்பு வலி என்று கருதாமல், உடனே 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.

மருத்துவரிடம் செல்லும்போது உங்கள் தொழிலைப் பெயரளவில் கூறாமல், எந்த அசைவை, எவ்வளவு நேரம், எந்தக் கருவியால் செய்கிறீர்கள் என்று செய்து காட்டுங்கள். நோயைக் கண்டறிய அது பெரிதும் உதவும். இரத்தச் சர்க்கரையையும் பரிசோதித்துக்கொள்வது நன்று.

வீட்டில் செய்யத்தக்கவை

முற்றிலும் அசைக்காமல் கையைக் கட்டி வைப்பது மூட்டை இறுக்கமாக்கும். வலியைத் தூண்டும் அசைவை மட்டும் சில நாள்களுக்குக் குறைத்து, மற்ற அசைவுகளைத் தொடருங்கள். புதிதாக வலி கூடியிருந்தால், பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடங்கள் வைக்கலாம். காலை இறுக்கத்திற்கு இளஞ்சூட்டு ஒத்தடம் இதமளிக்கும். மரத்துப்போன இடத்தில் சூடு தெரியாது; ஆதலால் ஒத்தடத்தின் சூட்டை மற்றொருவர் சோதித்துப் பார்க்க வேண்டும். அடுப்பருகே பணிபுரிவோர் இதில் தனிக்கவனம் கொள்ளுங்கள்.

மணிக்கட்டு நரம்பு அழுத்தத்திற்கு, மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டையை இரவில் அணிவது பலருக்குப் பயன் தருகிறது. பகலில் வேலையின்போது அணிவதை மருத்துவரின் அறிவுரைப்படியே செய்யுங்கள்.

தவிர்க்க வேண்டியவை: வலியுள்ள மூட்டைப் பலமாக இழுத்துச் சொடுக்கெடுத்தல், மரத்த பகுதியை அழுத்தித் தேய்த்தல், தோலைப் புண்ணாக்கும் சுண்ணாம்புப் பற்று.

வலி மாத்திரைகள் குறித்து எச்சரிக்கை

வேலைக்குப் போக வேண்டும் என்பதற்காக நாள்தோறும் கடையில் வலி மாத்திரை வாங்கி உட்கொள்ளும் வழக்கம் பரவலாக உள்ளது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மருந்துகள் தொடர்ந்து உட்கொள்ளப்படும்போது இரைப்பைப் புண்ணையும் இரத்தக்கசிவையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கலாம். வெயிலில் வியர்த்து, தண்ணீர் குறைவாகக் குடித்து உழைப்போருக்கு இந்த இடர் இன்னும் அதிகம். சிறுநீரக நோய், இதய நோய், உயர் இரத்த அழுத்தம், குடற்புண் உள்ளோரும் கருவுற்றோரும் மருத்துவரைக் கேளாமல் இவற்றை உட்கொள்ளக் கூடாது. பெயர் அச்சிடாத பொட்டலத்தில் கலந்து தரப்படும் மாத்திரைகளை வாங்காதீர்கள். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும்.

மாத்திரை வலியை மறைக்கிறதே தவிர, காயத்தை ஆற்றுவதில்லை. வலி தெரியாத நிலையில் அதே சுமையைத் தூக்குவதால் காயம் ஆழமாகும்.

சிகிச்சை முறைகள்

இயன்முறை சிகிச்சையே பெரும்பாலோருக்கு முதன்மையானது. தசைநாணை நீட்டும் பயிற்சிகளும், படிப்படியாக வலுவேற்றும் பயிற்சிகளும் கற்பிக்கப்படும். பயன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் ஆகலாம், இடையில் நிறுத்திவிடாதீர்கள். பயிற்சியின்போது சிறிது வலிப்பது தவறன்று. மறுநாள் காலையிலும் அவ்வலி கூடுதலாக இருந்தால் பயிற்சியின் அளவைக் குறையுங்கள்.

தேவைப்படின் மருத்துவர் வீக்கமுள்ள இடத்தில் ஊசி மருந்து செலுத்துவார். இவற்றால் பயனில்லாதபோதும், நரம்பு வலுவிழக்கும்போதும் அறுவைச் சிகிச்சை பரிந்துரைக்கப்படும். மணிக்கட்டு நரம்பு அழுத்தத்திற்கான அறுவைச் சிகிச்சை சிறியது. பொதுவாக அன்றே வீடு திரும்பலாம். ஆயினும் கடினமான கைவேலைக்குத் திரும்ப 6 வாரங்களோ அதற்கு மேலோ ஆகலாம். அதற்கேற்பக் குடும்பச் செலவை முன்கூட்டியே திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

வேலையை விடாமல் கையைக் காத்தல்

பல வாரங்கள் விடுப்பு எடுப்பது நாட்கூலி பெறுவோருக்கு எளிதன்று. பின்வரும் மாற்றங்கள் பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவை:

• 20 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை, அரை நிமிடமாவது கையைத் தொங்கவிட்டு விரல்களை விரித்து மடக்குங்கள். நெடுநேரம் உழைத்தபின் எடுக்கும் ஒரே நீண்ட ஓய்வைவிட, அடிக்கடி எடுக்கும் சிற்றோய்வு நன்மை பயக்கும்.
• மெல்லிய கைப்பிடியின்மீது பழைய சைக்கிள் டியூபையோ துணியையோ சுற்றித் தடிப்பாக்குங்கள். பிடிக்கத் தேவையான விசை குறையும்.
• கருவிகளை நாள்தோறும் தீட்டி வையுங்கள்.
• நின்று செய்யும் கடின வேலைக்கு மேசை முழங்கை மட்டத்திற்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். உயரத்தில் பூசும்போது சாரத்தை உயர்த்திக்கொள்ளுங்கள், கையை உயர்த்தாதீர்கள்.
• 50 கிலோ சிமெண்ட் மூட்டையை இருவர் சேர்ந்து தூக்குங்கள். கலவைச் சட்டியை நிரம்பி வழிய ஏற்றாதீர்கள்.
• அதிரும் இயந்திரத்தை ஒருவரே நாள் முழுதும் பிடிக்காமல், முறைவைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.
• மண்டியிடும் இடத்தில் தடித்த மெத்தைத் துண்டை இடுங்கள்.

மேஸ்திரியிடமோ மேற்பார்வையாளரிடமோ பேசும்போது, விடுப்புக் கேட்பதற்கு மாறாக இரண்டு வாரங்களுக்கு வேறு வேலை தருமாறு கேட்டுப் பாருங்கள். உதாரணமாக, மேற்கூரைப் பூச்சுக்குப் பதிலாகத் தரைமட்ட வேலை. தேர்ந்த தொழிலாளியை இழப்பதைவிட இம்மாற்றம் அவருக்கும் எளிது. மருத்துவர் எழுதித் தரும் குறிப்பு உங்கள் கோரிக்கைக்கு வலுச்சேர்க்கும். விடுப்புக்குப்பின் திரும்பும்போது முதல் நாளே முழு வேகத்தில் உழைக்காமல், சில நாள்களில் படிப்படியாகக் கூட்டுங்கள்.

உடனிருந்து கவனிப்போருக்கு

பணியிடத்தில் ஓய்ந்த கை வீட்டில் ஓயாவிட்டால் காயம் ஆறாது. குறிப்பாகப் பெண் தொழிலாளர்கள் வீடு திரும்பியதும் துணி பிழிதல், குடம் சுமத்தல், தேங்காய் துருவுதல், மாவு பிசைதல் ஆகியவற்றை அதே கையால் செய்கின்றனர். இவ்வேலைகளை வீட்டிலுள்ள மற்றவர்கள், ஆண்கள் உட்பட, சில மாதங்களுக்கேனும் ஏற்றுக்கொள்வது மருந்துக்கு நிகரான சிகிச்சையாகும்.

இக்காயம் வெளியே தெரிவதில்லை. எனவே ‘சோம்பல்’ என்றும் ‘சாக்கு’ என்றும் பிறர் கூறும் சொற்கள் நோயாளியைப் பெரிதும் புண்படுத்தும். தொடர் வலியால் உறக்கமின்மை, எரிச்சல், மனச்சோர்வு ஆகியன வரலாம். வலியை மறக்க மது அருந்தத் தொடங்கினால் கண்டிப்பதோடு நில்லாமல், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கிடைக்கும் உதவிகள்

அரசு மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சை பெறலாம். வீட்டைவிட்டு வர இயலாதோருக்கு, 2021ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் இல்லத்திலேயே இயன்முறை சிகிச்சை அளிக்கப்படுகிறது. உங்கள் பகுதிச் சுகாதாரப் பணியாளரிடம் கேளுங்கள். ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.

தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டத்தில் பதிவு பெற்ற தொழிலாளர்கள், உரிய பங்களிப்பு நாள்களை நிறைவு செய்திருப்பின், மருத்துவர் சான்றளிக்கும் நோய்விடுப்புக்கு ஆண்டில் 91 நாள்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காட்டை உதவித்தொகையாகப் பெறலாம். கட்டுமானம் உள்ளிட்ட அமைப்புசாராத் தொழில்களில் இருப்போர் தத்தம் நல வாரியத்தில் பதிவு செய்து, பதிவைக் காலத்தில் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

நினைவில் கொள்க

• மறுநாள் காலையிலும் நீங்காத வலி ஓர் எச்சரிக்கை.
• இரவில் விரல்கள் மரத்து உறக்கம் கலைந்தால் மருத்துவரைக் காணுங்கள்.
• மாத்திரையால் வலியை மறைத்து உழைக்காதீர்கள்.
• வேலையை விடுவதற்கு முன், வேலை செய்யும் முறையை மாற்றிப் பாருங்கள்.

இப்பக்கத்திலுள்ள செய்திகள் பொதுவான விழிப்புணர்வுக்காக வழங்கப்பட்டவை. மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கு மாற்றாகா.