தவளைப் பாய்த்து: ஓர் உயிரும் அதன் பெயரும்



நூற்பாக்கள் ஒன்றோடொன்று இயையும் முறையைப் பவணந்தி முனிவர் நன்னூலில் நால்வகையாகப் பகுத்துரைத்தார். அவற்றுள் ஒன்று தவளைப் பாய்த்து. ஒரு நூற்பா தன்னை அடுத்து நிற்பவற்றைக் கடந்து, தொலைவில் உள்ள வேறொன்றோடு பொருளால் இணைவதை அச்சொல் குறிக்கும். இலக்கணத்துக்கு உவமையாகிய அவ்வுயிரைப் பற்றிய அறிவியல் வரலாறும் அவ்வாறே இடைவெளி விட்டுத் தாவிச் சென்றிருக்கிறது. அதற்கு மேற்குத் தொடர்ச்சி மலை நல்லதொரு சான்று தருகிறது.

1882ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்தவர் சி. ஆர். நாராயண ராவ். பெங்களூர் மத்தியக் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த அவர், 1932இல் தொடங்கப்பெற்ற 'கரண்ட் சயின்ஸ்' இதழின் முதல் ஆசிரியராகவும் விளங்கினார். தென்னிந்தியத் தவளைகளை இந்தியர் ஒருவர் முறையாக ஆராயத் தொடங்கியது அவர் காலத்தில்தான். 1917ஆம் ஆண்டை ஒட்டி, இந்திய விலங்கியல் அளவைத் துறையின் முதல் இயக்குநரான நெல்சன் அன்னண்டேலும் அவரும் மலையோடைகளில் வாழும் தலைப்பிரட்டை ஒன்றைப் பற்றி எழுதினர். பாய்ந்தோடும் நீர் அடித்துச் செல்லாதபடி பாறையைப் பற்றிக்கொள்ள, உறிஞ்சுகுழி போன்ற வாய் அதற்கு வாய்த்திருந்தது. அது வளர்ந்து எந்தத் தவளையாக மாறும் என்பதை அன்று அறிவியல் உலகம் அறியவில்லை.

விடை வர எண்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 2003ஆம் ஆண்டு எஸ். டி. பிஜுவும் பிராங்கி பாசூயும் கேரளத்தின் இடுக்கிப் பகுதியில் கிடைத்த ஊதா நிறத் தவளையை 'நேச்சர்' இதழில் அறிவித்தனர். நாசிகாபட்ராகஸ் சஹ்யாத்ரென்சிஸ் என்பது அதன் பெயர். மூக்கைக் குறிக்கும் வடசொல்லும் தவளையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் மலையின் பெயரும் அதில் இணைந்துள்ளன. மரபணு ஆய்வில், அதன் நெருங்கிய உறவினம் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சீஷெல்ஸ் தீவுகளில் வாழ்வது தெரிந்தது. உப்புநீரைத் தாங்காத சிறு தவளைகள் கடலைக் கடந்திருத்தல் அரிது. இந்தியாவும் சீஷெல்ஸும் ஒரே நிலமாய் இருந்த காலத்து உறவே அது எனக் கொள்வர். அப்பெருநிலத்தை அறிவியலார் கோண்டுவானா என்பர். திராவிட மொழி பேசும் கோண்டு மக்களின் பெயர் அச்சொல்லில் பொதிந்திருப்பதை நாம் மறத்தலாகாது.

இத்தவளை ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்துக் கறையானை உண்டு வாழ்கிறது. மழை தொடங்கும் காலத்தில் சில நாள்களே இனப்பெருக்கத்துக்காக வெளிவருகிறது. ஆண் தவளை மண்ணுக்குள் இருந்தபடியே குரல் கொடுக்கும். மணலுள் மறைந்து கிடக்கும் தவளையை 'நுணல்' என்னும் சொல்லால் நம் முன்னோர் குறித்தனர். தவளை தன் வாயால் கெடும் என்பது உலக வழக்கு. இன்றைய ஆய்வாளரோ அக்குரலைப் பதிவுசெய்து, உருவத்தால் ஒத்த இனங்களையும் பிரித்தறிகின்றனர்.

2017ஆம் ஆண்டு இதே பேரினத்தின் இரண்டாவது இனம் தமிழ்நாட்டின் திருவில்லிபுத்தூர் மலைச்சரிவில் அறியப்பட்டது. மலையின் மேற்குப் பக்கத்தினது தென்மேற்குப் பருவமழையை ஒட்டி இனப்பெருக்கம் செய்ய, கிழக்குப் பக்கத்தினது வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கிறது. 2014இல் அகத்தியமலையில் களப்பணியின்போது உயிர்நீத்த சுப்பிரமணியம் பூபதியின் நினைவாக அதற்குப் 'பூபதி' எனப் பெயரிட்டனர். நாராயண ராவின் பெயரும் 2010இல் 'ராவோர்கெஸ்டிஸ்' என்னும் புதர்த்தவளைப் பேரினத்தில் இடம்பெற்றது. ஆயினும் அவர் விவரித்த இனங்கள் பலவற்றின் மூல மாதிரிகள் தொலைந்துபோயின. பெயர் எஞ்ச, அது சுட்டிய பொருளைப் பிற்காலத்தார் மலைதோறும் மீண்டும் தேட நேர்ந்தது.

இலங்கையில் நிகழ்ந்தது இதனினும் துயரமானது. அங்கே 2007ஆம் ஆண்டு இரு புதர்த்தவளை இனங்கள் முதன்முதலாக விவரிக்கப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திரட்டி அருங்காட்சியகத்தில் வைத்த உடல்களே அவற்றுக்குச் சான்று. அவற்றுக்குப் பெயர் வழங்கப்பட்டபோது காட்டில் அவை இல்லை. பெயரில்லாத ஒன்று மறைந்தால் அதன் மறைவைச் சொல்லவும் சொல் இராது.

நாம் வாழும் ஜோகூரும் இவ்வரலாற்றுக்குப் புறம்பானதன்று. எண்டாவ் ரொம்பின் காட்டிலிருந்து 2007இல் ஒரு புதிய தேரை இனம் விவரிக்கப்பட்டது. கெலாங் பாத்தாவுக்கு அருகே உள்ள பூலாய் ஆற்று முகத்துவார அலையாத்திக் காடு 2003இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தென்கிழக்காசியாவின் இத்தகைய காடுகளில் நண்டுண்ணித் தவளை வாழ்கிறது. தவளைக்குப் பகையான உப்புநீரில் அது பிழைக்கும் வகையை 1961இல் வெளிவந்த ஆய்வொன்று விளக்கியது. இரத்தத்தில் யூரியாவை மிகுதியாகத் தேக்கி, உடல்நீர் வெளியேறாமல் அது காத்துக்கொள்கிறது. சுறாமீனும் கையாளும் வழி இது.

அறியாமையைக் குறிக்க நாம் கிணற்றுத் தவளை என்போம். மலாய்க்காரர் சிரட்டைக்கு அடியில் உள்ள தவளை என்பர். இரு மொழியினரும் தவளையை உற்று நோக்கியவர்களே. ஊதாத் தவளையின் தலைப்பிரட்டையைக் கேரள மலைவாழ் மக்கள் உணவாகக் கொண்டதும் ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. ஏட்டறிவு எட்டுமுன்பே மக்கள் அதனை அறிந்திருந்தனர்.

எனவே ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். தோட்டப்புறத்தில் வாழ்ந்த முதியோரிடம் சென்று, தவளை, தேரை வகைகளுக்கு அவர்கள் வழங்கிய பெயர்களையும், அவற்றின் குரலையும் வாழிடத்தையும் மாணவர் எழுதிவரச் செய்யுங்கள். கேட்ட சொல்லைக் கேட்டவாறே, இடமும் நாளும் குறித்து எழுதுதல் இன்றியமையாதது. அன்று இருவர் எழுதிவைத்த குறிப்பே பிற்காலத்து ஆய்வு தாவி வந்து ஊன்றக் கல்லாயிற்று. நம் மாணவரின் குறிப்பேடும் அத்தகைய கல்லாகலாம்.