கொசஸ்தலைக் கரையில் ஓர் அமெரிக்கப் போர்: திருவள்ளூர் வட்டாரத்தில் சிப்பாய் முன்னோரைத் தேடும் முறை

1. சிக்கல்

அமெரிக்க விடுதலைப் போரில் (1775–1783) பணியாற்றிய ஒருவரின் நேர்வழி வந்தவர் என்று சான்றுகளோடு நிறுவுவது அமெரிக்கக் குடும்பங்கள் பலவற்றில் நூறாண்டுக்கு மேலான வழக்கம். 1890இல் தொடங்கிய ‘அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர்’ அமைப்பில் சேர விரும்பும் பெண், தன்னிடமிருந்து அந்தப் போர்வீரர் வரை ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆவணம் காட்ட வேண்டும். அதே போரோடு பின்னிக்கிடந்த மற்றொரு போர் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் வயல்களிலும் ஆற்றங்கரைகளிலும் நடந்தது. 1780 ஆகஸ்டில் கும்மிடிப்பூண்டி வழியாக அணிவகுத்துச் சென்ற சிப்பாய்களின் வழிவந்தோர் இன்றும் இப்பகுதியில் வாழக்கூடும். ஆனால் அவர்கள் தம் முன்னோரைப் பெயர் சொல்லி நிறுவுவது ஏறக்குறைய இயலாத காரியம்.

நம்மவர்க்கு ஆவணம் பேணும் பழக்கம் இல்லை என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை. இக்கட்டுரை அதை மறுக்கிறது. அரசு ஒருவருக்குக் கடன்பட்டு, அந்தக் கடனை ஆள்வாரியாகத் தீர்க்க நேரும்போதுதான் எளிய மனிதர்களின் பெயரும் உறவும் ஏட்டில் ஏறுகின்றன. அமெரிக்காவில் அந்தக் கடன் ஓய்வூதியமாக வந்தது. திருவள்ளூரில் அது போர்ப்பணி வழியாக வரவில்லை. நிலத்தின் வழியாக வந்தது. ஆகவே இங்கே தேடலும் படைப்பட்டியலில் தொடங்காமல் நிலத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. இது எந்த அளவுக்கு அமெரிக்கப் போர்?

1778 பிப்ரவரி 6இல் பிரான்சு அமெரிக்கக் குடியேற்றங்களோடு உடன்படிக்கை செய்துகொண்டது. அதன் விளைவாகப் பிரிட்டனும் பிரான்சும் போரில் இறங்கின. அவ்வாண்டு அக்டோபரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை புதுச்சேரியைப் பிடித்தது. 1779 மார்ச்சில் மாஹேயும் வீழ்ந்தது. மாஹே துறைமுகம் தம் காப்பில் உள்ளது என்று மைசூரை ஆண்ட ஹைதர் அலி முன்னரே எச்சரித்திருந்தார். அவருக்குப் பிரெஞ்சுத் தளவாடங்கள் வந்து சேர்ந்த வழி அது. 1780 ஜூலையில் அவர் ஆற்காட்டு நவாபின் கர்நாடகப் பகுதிக்குள் பெரும்படையுடன் இறங்கினார்.

இப்போரை அமெரிக்கப் போரோடு இணைப்பதற்கு ஒரு மறுப்பு உண்டு. ஹைதருக்குத் தனிக் காரணங்கள் இருந்தன. 1769 சென்னை உடன்படிக்கையின்படி மராட்டியருக்கு எதிராகத் தமக்கு உதவ வேண்டிய கம்பெனி உதவவில்லை என்ற சினம் அவற்றுள் முதன்மையானது. பாஸ்டனில் என்ன நடந்திருந்தாலும் மைசூருக்கும் சென்னைக்கும் மோதல் வந்திருக்கலாம். இம்மறுப்பு சரியானதே. அமெரிக்கப் போர் இப்பகையை உருவாக்கவில்லை. அது வெடித்த காலத்தையும், பரவிய எல்லையையும், முடிந்த விதத்தையும் தீர்மானித்தது.

இதற்குப் பழவேற்காடே சான்று. டச்சுக்காரர்கள் அமெரிக்கக் கிளர்ச்சியாளரோடு நடத்திய வணிகத்தைக் காரணம் காட்டிப் பிரிட்டன் 1780 டிசம்பரில் அவர்கள்மீது போர் தொடுத்தது. அடுத்த ஆண்டே, கும்மிடிப்பூண்டிக்கு அருகில் ஏரிக்கரையில் நின்ற அவர்களுடைய கெல்ட்ரியா கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. 1783 ஜூனில் கடலூரில் ஆங்கிலப் படையும் பிரெஞ்சுப் படையும் மோதிக்கொண்டிருந்தபோது, ஐரோப்பாவில் ஜனவரியிலேயே முதற்கட்டச் சமாதானம் கையெழுத்தாகிவிட்டது என்ற செய்தி ஜூன் இறுதியில் வந்து சண்டையை நிறுத்தியது. அமெரிக்காவிலும் இத்தொடர்பு அறியப்பட்டிருந்தது. 1782இல் டெலவேர் விரிகுடாவில் பிரிட்டிஷ் கப்பலொன்றைப் பிடித்த பென்சில்வேனியாவின் போர்க்கப்பலுக்கு ‘ஹைதர் அலி’ என்றே பெயர்.

எனவே இந்தப் போரை அமெரிக்கப் போரின் கீழைக் களம் என்று கொள்வது தகும். ஆனால் அமெரிக்காவில் படைவீரர்கள் ஒரு நாட்டை உருவாக்கியவர்களாக நினைக்கப்படுகிறார்கள். இங்கே தமிழரும் தெலுங்கரும் கம்பெனி, நவாப், பிரெஞ்சுக்காரர், மைசூர் என எல்லாப் பக்கமும் கூலிக்குப் போரிட்டனர். முன்னோரைத் தேடுவது அவர்களின் பற்றுறுதியைக் கொண்டாடுவது ஆகாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

3. கும்மிடிப்பூண்டியிலிருந்து புள்ளலூர் வரை

1780இல் குண்டூரிலிருந்து தெற்கே அழைக்கப்பட்ட கர்னல் வில்லியம் பெய்லியின் படையில் ஏறத்தாழ 2,800 பேர் இருந்தனர், பெரும்பான்மையோர் சிப்பாய்கள். காஞ்சிபுரத்தில் சர் ஹெக்டர் மன்றோவின் படையோடு சேர வேண்டும் என்பது அவர்களுக்குக் கட்டளை. ஆகஸ்ட் இறுதியில் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தைக் கடந்து கொசஸ்தலையாற்றின் வடகரையில் பாளையம் இறங்கினர். அன்றிரவு ஆற்றில் வெள்ளம் வந்தது. செப்டம்பர் தொடக்கம் வரை அவர்களால் கடக்க முடியவில்லை. அந்தச் சில நாட்கள்தாம் ஹைதருக்குத் தம் மகன் திப்புவை அனுப்ப அவகாசம் தந்தன.

செப்டம்பர் 6இல் பேரம்பாக்கத்தில் திப்புவின் படை அவர்களைத் தாக்கியது. மன்றோ அனுப்பிய சுமார் ஆயிரம் பேர் கர்னல் பிளெட்சர் தலைமையில் வந்து சேர்ந்தும் பயனில்லை. செப்டம்பர் 10இல் புள்ளலூரில் ஹைதரும் திப்புவும் படையை முற்றாக முறியடித்தனர். இந்தியாவில் ஆங்கிலேயர் அதுவரை கண்டிராத தோல்வி அது. மறு ஆண்டு ஆங்கிலத் தளபதி சர் அயர் கூட் திருப்பாச்சூர்க் கோட்டையைக் கைப்பற்றி, அதே புள்ளலூர்க் களத்தில் மீண்டும் மோதினார்.

இதில் யாருடைய பெயர் நமக்குக் கிடைக்கிறது? பெய்லி 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் இறந்தார். அவரோடு பிடிபட்ட டேவிட் பெயர்டு விடுதலையாகி, 1799இல் அதே கோட்டையின் மீதான இறுதித் தாக்குதலை நடத்தினார். ஐரோப்பிய அதிகாரிகளின் கடிதங்களும் சிறைக் குறிப்புகளும் அச்சேறின. 1781 போரில் மாண்ட இரு ஆங்கில அதிகாரிகளுக்குப் புள்ளலூரில் நினைவுத்தூண்கள் நிற்கின்றன. ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகையின் சுவரோவியத்தில் பெய்லி பல்லக்கில் அமர்ந்திருக்கிறார். அவரைச் சுற்றியுள்ள சிப்பாய்கள் ஒரே முகச்சாயலில் வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளனர். வென்றவர் தீட்டிய படத்திலும் தோற்றவர் எழுதிய ஏட்டிலும் சிப்பாய் எண்ணிக்கையாகவே இருக்கிறார்.

4. ஓய்வூதிய மனு என்னும் ஆவணம்

அமெரிக்கச் சிப்பாய்க்குப் பெயர் எப்படிக் கிடைத்தது? அவர்களுடைய படை ஏடுகள் சிறப்பாகப் பேணப்பட்டன என்பது காரணமன்று. 1800 நவம்பரில் அமெரிக்கப் போர்த்துறை அலுவலகத்தில் பற்றிய தீ, புரட்சிக்கால ஆவணங்களில் பெரும்பகுதியை அழித்துவிட்டது. அந்த இடைவெளியை நிரப்பியவை பின்னால் வந்த ஓய்வூதியச் சட்டங்கள். 1818ஆம் ஆண்டுச் சட்டம் வறுமையிலிருந்த முன்னாள் வீரர்களுக்கு ஓய்வூதியம் தந்தது; 1832ஆம் ஆண்டுச் சட்டம் வறுமை நிபந்தனை இன்றி, ஊர்ப்படையினருக்கும் அதை விரித்தது; 1836இல் கைம்பெண்களுக்கான ஏற்பாடு விரிவடைந்தது.

பட்டியல் எரிந்துபோனதால் மனுதாரரே நீதிமன்றத்தில் நின்று எங்கே பிறந்தார், யார் தலைமையில் எந்தக் களத்தில் நின்றார் என்று சொல்ல வேண்டியிருந்தது. அண்டை அயலார் சான்று சொன்னார்கள். திருமணத்தை நிறுவக் கைம்பெண்கள் வீட்டு விவிலியத்தில் குடும்ப விவரம் எழுதிய தாளைக் கிழித்து மனுவோடு இணைத்தார்கள். இவ்வாறு சேர்ந்த ஏறத்தாழ 80,000 கோப்புகள் இன்று வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. எழுத்தறியாத உழவரின் வாழ்க்கை வரலாறு அதில் பதிவானதற்குக் காரணம், பணம் தருமுன் அரசு அவரை நம்ப மறுத்ததுதான்.

5. சிப்பாய் ஏன் ஏட்டில் ஏறவில்லை?

கம்பெனி ஏடு எழுதாத அமைப்பன்று. எழும்பூர்த் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இராணுவத் துறை நடவடிக்கைக் குறிப்புகள் பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் தொடர்ச்சியாக உள்ளன. அவற்றையே அடிப்படையாகக் கொண்டு டபிள்யூ. ஜே. வில்சன் 1880களில் சென்னைப் படையின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். அந்த ஏடுகளில் பட்டாளத்தின் பெயர், அதிகாரியின் பெயர், ஆள்தொகை, சம்பளத் தொகை எல்லாம் கிடைக்கும். சிப்பாய் அதில் ஒரு பட்டாளத்தின் பகுதியாகவே கணக்கில் வருகிறார். 1770இல் கிளைவ் பெயரில் ஏற்பட்ட ஓய்வூதிய நிதி ஐரோப்பியருக்கானது. ஊனமுற்ற சிப்பாய்களைக் கம்பெனி தனிப்பிரிவுகளில் வைத்துப் பேணியதுண்டு; அது பட்டாளத்துக்குள்ளேயே அதிகாரியின் சொல்லை வைத்து முடிந்த காரியம். சிப்பாயின் மனைவி ஊர்ச் சபையின் முன் வந்து தம் குடும்ப வரலாற்றைச் சொல்ல வேண்டிய தேவை அங்கே எழவில்லை.

பதக்கமும் உதவாது. 1780–84 போர்ப்பணிக்காக 1784இல் ‘தக்காணப் பதக்கம்’ வழங்கப்பட்டது. அது வங்காளப் படையின் சிப்பாய்களுக்குரியது. அதன்மேல் பாரசீகத்தில் வாசகம் உண்டு, பெற்றவர் பெயர் இல்லை. முதல் உலகப் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் எண், பெயர், பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டதோடு இதை ஒப்பிட வேண்டும். அந்தப் போரில் மெசப்பொட்டேமியாவுக்கோ பிரான்சுக்கோ போனவரின் வீட்டில் வெண்கலத்தாலான பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் இருந்தால், அவர் தொழிலாளர் படைப் பிரிவினர் என்பதைக்கூட உலோகமே சொல்லிவிடும். போர்முனைப் படையினருக்கு வழங்கப்பட்டது வெள்ளி. 1914க்குப் பிந்திய தேடலும் 1780க்கான தேடலும் வெவ்வேறு வகையானவை. முன்னதில் பெயரிலிருந்து ஊருக்குப் போகலாம். பின்னதில் ஊரிலிருந்துதான் பெயரை நோக்கி நகர முடியும்.

6. ஊர்வழித் தேடல்

அதற்கு இந்த வட்டாரம் போல வாய்ப்பான இடம் தமிழகத்தில் அரிது. நவாபு 1763இல் கம்பெனிக்குக் கொடுத்த செங்கல்பட்டு ஜாகிரில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும்பகுதியும் அடங்கும். தாமஸ் பர்னார்டு 1767க்கும் 1774க்கும் இடையில் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்தார். அந்த அளவைக்கு அடிப்படையான ஊர்க் கணக்குகள் தமிழ் ஓலைகளில் எழுதப்பட்டவை. எந்தச் சாதிக்கு, எந்தத் தொழிலுக்கு எத்தனை வீடுகள், எவ்வளவு மானியம், களத்துமேட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பனவெல்லாம் அவற்றில் உள்ளன. காவல் பணிக்கும் பாளையக்காரருக்கும் உரிய பங்குகளும் அவற்றில் பதிவாகியுள்ளன. தரம்பால் முன்னெடுத்த ஆய்வால் இக்கணக்குகள் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன.

போருக்குச் சில ஆண்டுகள் முன்னர், எந்த ஊரில் ஆயுதம் எடுக்கும் குடும்பங்கள் இருந்தன என்பதை இவை காட்டுகின்றன. அடுத்த பெரிய பதிவு, 1858இல் ஏற்பட்ட இனாம் (மானிய நில) ஆணையத்தின் பதிவேடுகள். மானியம் எதற்காக, யாரால் தரப்பட்டது, இப்போது அனுபவிப்பவர் யார், அவருக்கு முன் யார் என்ற வினாக்களுக்கு அங்கே விடை உண்டு. அரசு நிலத்தீர்வையை விட்டுக்கொடுக்குமுன் உரிமையை நிறுவச் சொன்னது. அமெரிக்க ஓய்வூதிய மனுவின் தருக்கம் இங்கே மானியத்தின் பேரில் செயல்பட்டிருக்கிறது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமும் கைகொடுக்கும்: ஒரே மானியத்தில் ஒன்றுவிட்ட தலைமுறைகளில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், அது ஒரே குடி என்று கருத இடமுண்டு. ஆயினும் அது சான்றன்று. வேறு சான்றைத் தேடத் தூண்டும் குறிப்பு மட்டுமே.

7. இரண்டு முறிவுகள்

இம்முறைக்கும் தடைகள் உண்டு. முதல் தடை போரே. 1780–82இல் ஜாகிரின் ஊர்கள் எரிக்கப்பட்டன, பஞ்சம் வந்தது, மக்கள் சிதறினர். 1794 முதல் 1798 வரை ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ் தம் அறிக்கையில் பாழ்பட்ட ஊர்களையும் உடைந்த ஏரிகளையும் விரிவாக எழுதுகிறார். ஆகவே 1770இல் ஓர் ஊரில் இருந்த குடும்பமும் 1860இல் அங்கே மானியம் அனுபவித்த குடும்பமும் ஒன்றே என்று எடுத்த எடுப்பில் கொள்ளக்கூடாது. நிலமில்லாச் சேரி மக்களுக்கு இத்தடை இன்னும் கடுமையானது. சென்னைப் படை பறையர்களிடமிருந்து நெடுங்காலம் ஆளெடுத்தது; நிலப்பதிவேடுகளிலோ அவர்கள் மிகக் குறைவாகவே தென்படுகிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை மிஷன் திருச்சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளும், பிற்காலப் பட்டாளத்துப் பதிவுகளுமே முதன்மையாகும்.

இரண்டாம் முறிவு நம் காலத்தது. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழில் வளாகமும் அதைச் சுற்றிய ஆலைகளும் வந்ததில் பழைய புல எண்கள், களத்துமேடு, ஊர் எல்லை வீரன் கோயில் ஆகியவை இடம் மாறின அல்லது மறைந்தன. இதை இழப்பாக மட்டும் பார்ப்பது குறைபாடு. நிலம் எடுக்கும்போது இழப்பீடு தர வேண்டியிருப்பதால் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் கோப்பில் சேர்கின்றன. யார் யாருக்கு அண்ணன் தம்பி, எந்தப் பங்காளிக்கு எத்தனை சென்ட் என்று எழுதப்படுகிறது. இவ்வட்டாரக் குடும்பங்கள் பலவற்றுக்கு மிக முழுமையான வமிசாவளி அந்த நில எடுப்புக் கோப்பாகவே இருக்கும்.

8. முடிவு

இவ்வாதத்திலிருந்து மூன்று நடைமுறை முடிவுகள் பிறக்கின்றன. ஒன்று, தேடல் இன்றைய நில எடுப்புக் கோப்பில் தொடங்கி, இனாம் பதிவேடு வழியாக, பர்னார்டு கால ஓலைக்குப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். படைப்பட்டியல் கடைசியில்தான் வரும். இரண்டு, மூன்று பதிவுகளையும் ஊர்ப்பெயர் வாரியாக இணைத்து ஓர் அட்டவணை உருவாக்குவது மாவட்ட நிருவாகமும் ஆவணக் காப்பகமும் சேர்ந்து செய்யக்கூடிய பணி. நில எடுப்புக் கோப்புகளைக் கால வரம்பு முடிந்ததும் கழித்துவிடாமல் காப்பகத்துக்கு அனுப்புவது அதன் முதற்படி. மூன்று, இப்படித் தேடியும் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடியது, போர் நிகழ்ந்த காலத்தில் ஆயுதப் பணி செய்த குடிகள் வாழ்ந்த ஊரோடு தம் குடிக்குள்ள தொடர்பு வரைதான். புள்ளலூரில் நின்ற குறிப்பிட்ட ஒருவர் தம் முப்பாட்டனுக்குப் பாட்டன் என்று சொல்ல அது போதாது. அந்த எல்லையைத் தாண்டி ஒரு பெயரைச் சேர்த்துக்கொள்ளும் குடும்ப வரலாறு, சிப்பாயின் பெயரை எழுத மறுத்த கம்பெனியின் பிழையைக் கற்பனையால் மூடி மறைக்கிறது. பெயர் இருக்க வேண்டிய இடத்தை வெற்றிடமாகவே விட்டு, அது ஏன் வெற்றிடம் என்று எழுதும் வரலாறே அச்சிப்பாய்க்கு நேர்மை செய்யும்.