மக்காச்சோள ரொட்டியை மறந்த சட்டம்



ஒரு வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று பார்க்காமல் அந்த வீட்டுக்குச் சத்துணவுத் திட்டம் போட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களின் வரலாறு இதற்குப் பதில் சொல்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

1915-ல் கலிபோர்னியா மாநிலம் வீட்டு ஆசிரியர் சட்டம் கொண்டுவந்தது. ஆசிரியைகள் குடியேறிகளின் வீடு தேடிப் போய் ஆங்கிலமும் சுகாதாரமும் குடும்ப நிர்வாகமும் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களை அமெரிக்கர்களாக மாற்றுவதே நோக்கம். அதனால் 'டோர்ட்டியா' என்னும் மக்காச்சோள ரொட்டியை விட்டு கோதுமை பிரெட்டுக்கு மாறுங்கள் என்பதும் பாடமாயிற்று. பேர்ல் எல்லிஸ் என்பவர் 1929-ல் எழுதிய கையேடு இன்னும் ஒரு படி மேலே போனது. வெறும் டோர்ட்டியா கொண்டுவரும் பிள்ளை பசி அடங்காமல் பிறர் உணவை எடுக்கும், திருட்டு வாழ்க்கை அங்கே தொடங்கும் என்றது. வறுமை செய்த குற்றத்துக்கு ரொட்டி பழி சுமந்தது.

அந்த ரொட்டியின் அருமை தெரியுமா? நாம் வெற்றிலையில் தடவுகிறோமே, அதே சுண்ணாம்பு கரைத்த நீரில் மக்காச்சோளத்தை வேகவைத்து, ஊறவைத்து, அலசி அரைப்பார்கள். 3,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழக்கம் இது. இதனால் சோளத்தில் கால்சியம் கூடும். அதிலுள்ள நியாசின் என்னும் சத்தும் உடலில் சேரும். இந்த முறை அறியாமல் சோளத்தையே பெரிதும் நம்பியிருந்த அமெரிக்கத் தென்மாநில ஏழைகளில் லட்சக்கணக்கானோரை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோய் தாக்கியது.

இனிதான் வேதனையான பகுதி. தாயின் உடலில் ஃபோலிக் அமிலம் குறைந்தால், கருவிலுள்ள குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் சரியாக உருவாகாமல் போகலாம். அதைத் தடுக்க, சத்தூட்டப்பட்ட கோதுமை மாவு போன்ற தானியப் பொருள்களில் இந்த அமிலம் சேர்ப்பதை 1998-ல் அமெரிக்க அரசு கட்டாயமாக்கியது. நாடு முழுவதும் இத்தகைய பிறவிக் குறைபாடு குறைந்தது. ஆனால் டோர்ட்டியா சுடும் மாசா மாவு அந்த விதிக்குள் வரவில்லை. லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குழந்தைகளிடம் இக்குறை மற்றவர்களைவிட அதிகமாகவே நீடித்தது. மாசா மாவில் சேர்க்க 2016-ல்தான் அனுமதி கிடைத்தது. அதுவும் விருப்பப்பட்ட நிறுவனங்களுக்கு மட்டும். கட்டாயமாக்கும் சட்டத்தைக் கலிபோர்னியா 2024-ல் இயற்றியது. 2026 ஜனவரி முதல் அது நடைமுறை.

இடையில் ஒரு நல்ல மாற்றமும் நடந்தது. கர்ப்பிணிகள், தாய்மார்கள், குழந்தைகளுக்கான 'விக்' என்னும் அரசு உணவுத் திட்டத்தின் பட்டியலை 2007-ல் திருத்தினார்கள். 2009-க்குள் மக்காச்சோள டோர்ட்டியாவும் அதில் இடம்பெற்றது. எண்பது ஆண்டுகளுக்கு முன் விடச் சொன்ன ரொட்டியை, அரசே சத்துணவு என்று கொடுத்தது.

உங்களில் பலர் ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் இருக்கிறீர்கள். ஒரு தாய்க்கு உணவு பற்றி அறிவுரை சொல்லும் முன், "உங்கள் வீட்டில் தினமும் என்ன சமைப்பீர்கள், அம்மா?" என்று கேளுங்கள். அவர் பதிலிலிருந்து உங்கள் பாடத்தைத் தொடங்குங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர்