ரோலான் காரோஸ்: ஒரு மைதானம் பெயர் பெற்ற கதை

மே மாதக் கடைசியில் பாரிஸின் செம்மண் தரையில் தொடங்கும் டென்னிஸ் போட்டியை நாம் பிரெஞ்சு ஓப்பன் என்கிறோம். பிரெஞ்சுக்காரர்களுக்கு அது ரோலான் காரோஸ். விம்பிள்டன் ஊர்ப் பெயர். நியூயார்க்கின் பெரிய அரங்குக்கு ஆர்தர் ஆஷ் பெயர், மெல்பர்னுக்கு ராட் லேவர் பெயர். இருவரும் ராக்கெட் பிடித்து உலகை வென்றவர்கள். காரோஸும் அப்படி ஒரு பழைய சாம்பியனாக இருப்பார் என்று எண்ணி, அவர் வென்ற பட்டங்களைத் தேடினால் ஒன்றும் அகப்படாது. டென்னிஸில் அவர் எதையும் வென்றதில்லை. அவர் விமானி. முதல் உலகப் போரில், முப்பது வயது நிறைவதற்கு ஒரு நாள் முன்பு, வானில் உயிரை விட்டவர்.

பிறந்தது 1888 அக்டோபர் 6, ரீயூனியன் தீவின் தலைநகர் சாந்தெனியில். மொரீஷியசுக்குப் பக்கத்துத் தீவு. கரும்புத் தோட்டங்களில் பாடுபட நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய இடம். இன்றும் அங்கே அவர்களுடைய வழித்தோன்றல்கள் தீ மிதிக்கிறார்கள். காரோஸின் தந்தை வழக்கறிஞர். பிள்ளைக்கு நான்கு வயதாகும்போது குடும்பம் சைகோனுக்குப் போயிற்று. பிறகு படிப்புக்காகச் சிறுவனைத் தனியே பாரிஸுக்கு அனுப்பினார்கள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, நிமோனியா கண்டது. உடம்பு தேறட்டும் என்று தெற்கே கான் நகரத்துக்கு மாற்றினார்கள். அங்கே சைக்கிள் மிதித்தே உடம்பைத் தேற்றிக்கொண்டவர், 1906இல் பிரான்ஸ் பள்ளி மாணவர்களுக்கான சைக்கிள் பந்தயத்தில் முதலாவதாக வந்தார். பந்தயங்களில் அவர் கொடுத்த பெயர் டான்லியூ. பின்னாளில் உலகமே உச்சரிக்கப்போகிற பெயரை அன்று மறைத்துக்கொண்டுதான் ஓடினார்.

பாரிஸின் எச்.இ.சி. வணிகக் கல்லூரியில் படிக்கும்போது எமில் லெஸ்யூர் நண்பரானார். லெஸ்யூர் பிரான்ஸ் நாட்டு அணிக்கு ரக்பி ஆடியவர். காரோஸை ரக்பிக்கு இழுத்ததும், ஸ்டாட் பிரான்சே என்ற விளையாட்டுக் கழகத்தில் சேர்த்துவிட்டதும் அவர்தான். மைதானத்துக்குப் பெயர் வந்த வழி இந்த நட்பிலிருந்துதான் புறப்படுகிறது.

படிப்பு முடிந்து கார் விற்றுக்கொண்டிருந்த இளைஞர், 1909 ஆகஸ்டில் ரெய்ம்ஸ் நகரத்து விமானக் கண்காட்சியைப் பார்த்தார். அதன்பின் அவருக்கு வேறு நினைப்பே இல்லை. ஒரு சிறிய விமானத்தை வாங்கி, பெரும்பாலும் தானே பறந்து பழகினார். 1912இல் 5,610 மீட்டர் உயரம் பறந்து உலகச் சாதனை படைத்தார். 1913 செப்டம்பர் 23 அன்று பிரான்ஸின் ஃப்ரேஜுவிலிருந்து கிளம்பி, துனீசியாவின் பிசெர்த்தில் இறங்கினார். நடுவில் எங்கும் இறங்காமல் 7 மணி 53 நிமிடம். மத்தியதரைக் கடலை ஒரே மூச்சில் பறந்து கடந்த முதல் மனிதர் அவர். வழியில் எஞ்சின் மக்கர் செய்தது. இறங்கியபோது டாங்கில் சில லிட்டர் பெட்ரோல்தான் மிச்சம். போர் என்று ஒன்று வராமலே போயிருந்தாலும் இந்த ஒரு பயணத்துக்காகவே அவர் பெயர் நின்றிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

போர் வந்தது. விமானத்திலிருந்து விமானத்தைச் சுடுவதில் அப்போது பெரிய தொல்லை ஒன்று இருந்தது. விமானி நேர் எதிரே குறிபார்த்து இயந்திரத் துப்பாக்கியை இயக்கினால், குண்டு முதலில் உடைப்பது தன் விமானத்தின் விசிறியைத்தான். விசிறியின் இறக்கை குழலுக்கு நேரே வரும்போது மட்டும் துப்பாக்கி ஓய்ந்திருக்க வேண்டும் என்று விமானத் தயாரிப்பாளர் ரேமோன் சோல்னியே போருக்கு முன்பே ஒரு பொறியைத் திட்டமிட்டிருந்தார். ஆனால் தோட்டாக்கள் சீராக வெடிக்கவில்லை. ஒரு தோட்டா இமைப்பொழுது தாமதித்தாலும் இறக்கை போய்விடும். அதனால் காரோஸும் அவருடைய மெக்கானிக் ஜூல் ஹூவும் வேறு வழிக்குப் போனார்கள். விசிறியின் இரண்டு இறக்கைகளிலும், குண்டு படக்கூடிய இடத்தில், ஆப்பு வடிவ எஃகுத் தகடுகளைப் பொருத்தினார்கள். பெரும்பாலான குண்டுகள் இறக்கைகளுக்கு இடையே புகுந்து போய்விடும். படுகிறவை தகட்டில் மோதிப் பக்கவாட்டில் தெறிக்கும். ஒவ்வொரு அடியும் விசிறியையும் எஞ்சினையும் உலுக்கும் என்று தெரிந்தேதான் அதில் ஏறினார்.

1915 ஏப்ரல் 1 அன்று அந்த ஏற்பாட்டோடு முதல் ஜெர்மன் விமானத்தை வீழ்த்தினார். அதே மாதத்தில் இன்னும் இரண்டு. ஏப்ரல் 18 அன்று பெல்ஜியத்தில், ஜெர்மானியர் பிடியிலிருந்த மண்ணில் இறங்க நேர்ந்தது. விமானத்துக்குத் தீ வைத்தார். அது முழுவதும் எரியவில்லை. தகடு பொருத்திய விசிறி எதிரி கைக்குப் போயிற்று. சில மாதங்களில் ஜெர்மன் தரப்புக்கு விமானம் செய்த ஃபோக்கரின் விமானங்கள் விசிறிக்கு இடையே சுடும் பொறியோடு வந்து நேச நாட்டு விமானிகளைத் திணறடித்தன. காரோஸின் விசிறியைப் பார்த்துத்தான் அந்த யோசனையே ஜெர்மானியருக்கு உதித்தது என்று சிலர் எழுதுவது மிகை. அப்படிப்பட்ட பொறிக்கு ஜெர்மனியிலும் போருக்கு முன்பே காப்புரிமை பெறப்பட்டிருந்தது. விசிறி கிடைத்தது வேலையை முடுக்கிவிட்டது, அவ்வளவே.

பிடிபட்ட காரோஸுக்குச் சிறைமுகாம்களில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். 1918 பிப்ரவரியில் அன்செல்ம் மர்ஷால் என்ற சக விமானியோடு, ஜெர்மன் அதிகாரி போல் உடை தைத்துப் போட்டுக்கொண்டு மக்டபர்க் முகாமிலிருந்து தப்பினார். மர்ஷாலுக்கு ஜெர்மன் மொழி தண்ணீர் பட்ட பாடு. ஹாலந்து வழியாக லண்டன் சேர்ந்து பிரான்ஸுக்குத் திரும்பினார்கள். சிறையில் காரோஸின் கண்பார்வை மங்கியிருந்தது. போர்விமானங்களும் அதற்குள் அடியோடு மாறிவிட்டன. பின்னணியில் ஒரு வேலையைக் கேட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போர்முனையைத்தான் கேட்டார். கண்ணாடி போட்டுக்கொண்டு, புதிய ஸ்பாட் விமானத்தை முதலிலிருந்து பழகி, தன் பழைய 26ஆம் அணிக்கே போனார். அக்டோபர் 2 அன்று நான்காவது வெற்றி. 5ஆம் தேதி வூசியே நகரத்துக்கு அருகே வீழ்ந்தார். அடுத்த ஐந்து வாரங்களில் போர் ஓய்ந்தது. ஐந்து விமானங்களை வீழ்த்தியவரையே ‘ஏஸ்’ என்பார்கள். காரோஸின் கணக்கு நான்கோடு நின்றது. ஆனாலும் பல நூல்கள் அவரை முதல் ஏஸ் என்றே எழுதுகின்றன.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1927இல், பிரான்ஸின் டென்னிஸ் வீரர்கள் லகோஸ்ட், கோஷே, பொரோத்ரா, ப்ருன்யோன் நால்வரும் பிலடெல்பியாவில் அமெரிக்காவை வென்று டேவிஸ் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். மறு ஆண்டு கோப்பைக்கான ஆட்டம் பாரிஸில் நடக்க வேண்டும். தகுந்த மைதானம் இல்லை. போர்த் தோத்தேயி பகுதியில் மூன்று ஹெக்டேர் நிலம் ஸ்டாட் பிரான்சே வசம் இருந்தது. கழகத்தின் அப்போதைய தலைவர் எமில் லெஸ்யூர். நிலம் தருகிறோம், ஆனால் மைதானத்துக்கு என் நண்பனின் பெயரை வைக்க வேண்டும் என்றார். அதை அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. 1928இல் மைதானம் எழுந்தது. அந்தக் கோடையிலேயே பிரான்ஸ் அங்கே அமெரிக்காவை மறுபடி வென்றது.

டென்னிஸ் வீரர் ஒருவரின் பெயரை வைத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. லெஸ்யூர் கேட்டது விளையாட்டுத் திறமைக்கான பரிசு அல்ல. கல்லூரியில் கூடப் படித்த நண்பனின் பெயர் போர்ச் சாவுகளின் கணக்கில் கரைந்துவிடக் கூடாது என்பதுதான் அவர் கவலை. அந்தப் போரில் உயிரிழந்த எத்தனையோ விமானிகளை இன்று வரலாற்று ஆய்வாளர்கள் மட்டுமே அறிவார்கள்.

நம் பத்திரிகைகளும் வர்ணனையாளர்களும் போட்டி நடக்கும் இரண்டு வாரமும் இந்தப் பெயரை நூறு முறை சொல்கிறார்கள். ஒரு முறையாவது, இவர் மத்தியதரைக் கடலை முதலில் பறந்து கடந்த விமானி என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.