காட்பாடியில் பிறக்கும் பிரெய்லர்

ஆறு விசைகள், நடுவே இடைவெளிக்கு ஒன்று, இரு ஓரத்திலும் ஒவ்வொன்று. வரி முடியப்போகும்போது அடிக்கும் ஒரு சிறு மணி. தூக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 4.8 கிலோ. பார்வையற்ற பிள்ளைகள் பிரெய்ல் என்னும் புள்ளி எழுத்தை எழுதும் இந்த எந்திரத்துக்குப் பெர்கின்ஸ் பிரெய்லர் என்று பெயர். வடிவம் அமெரிக்காவில் உருவானது. ஆனால் ஆப்பிரிக்கா உள்ளிட்ட பகுதிகளின் பள்ளிகளுக்குப் போன எந்திரங்களில் பல, நம் காட்பாடியில் கோக்கப்பட்டவை.

மாசசூசெட்ஸ் மாநிலத்து வாட்டர்டவுனில் உள்ள, பார்வையற்றோருக்கான பெர்கின்ஸ் பள்ளியில் மரவேலை கற்பித்துவந்தவர் டேவிட் ஆபிரகாம். பள்ளியின் இயக்குநர் கேப்ரியல் ஃபாரெல் கேட்டுக்கொண்டதால் எழுதும் எந்திரம் ஒன்றை வடிவமைத்தார். மாதிரி 1939-இல் தயாராகிவிட்டது. உலகப்போர் குறுக்கே வந்ததால் விற்பனைக்கு வர 1951 ஆயிற்று. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் முறை முடிவானதும் அதே ஆண்டில்தான். அதில் தமிழ் ‘க’வுக்கு ஆறு புள்ளிகளில் 1, 3 ஆகிய இரண்டு, ஆங்கிலத்தின் கே எழுத்துக்கும் அவையே. அதனால் கென்யாவில் சுவாஹிலி எழுதும் பிள்ளையும் இங்கே தமிழ் எழுதும் பிள்ளையும் ககர ஒலிக்கு இடது கையின் அதே இரு விரல்களைத்தான் அழுத்துகிறார்கள்.

எந்திரம் வருமுன் சிலேட்டும் ஊசியும்தான். இன்றும் பெரும்பாலான ஏழைப் பிள்ளைகளுக்கு அவைதான். தாளின் பின்புறத்திலிருந்து புள்ளி குத்தவேண்டும். அதனால் வலமிருந்து இடமாக, ஒவ்வோர் எழுத்தையும் கண்ணாடிப் பிம்பமாக எழுதவேண்டும். எழுதியது சரியா என்று பார்க்கத் தாளைக் கழற்றித் திருப்பித் தடவவேண்டும். ஒரு கூட்டல் கணக்கை நினைத்துப் பாருங்கள். ஒன்றின் கீழ் ஒன்றாக எண்களை அடுக்கி, மிச்சத்தை மனதில் வைத்து, கீழே விடை எழுதும் குழந்தைக்கு மேலே என்ன எழுதினோம் என்பது அந்தக் கணமே விரலுக்குத் தெரியவேண்டும். பிரெய்லரில் புள்ளி மேல்நோக்கி எழும்புகிறது. எழுதியவுடன் தடவிப் படிக்கலாம். பார்வையற்ற பிள்ளைகள் கணக்கிலிருந்து விலக்கிவைக்கப்படுவதற்கு அவர்களுடைய மூளை காரணமல்ல, கையில் இருந்த கருவிதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி காட்பாடி. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை 1940-களின் இறுதியில் அறுவை செய்து நிமிர்த்தத் தொடங்கினார். அருகிலுள்ள கரிகிரியில் தொழுநோய் ஆய்வு மையம் 1955-இல் வந்தது. நோய் குணமானது, கை வேலை செய்தது, ஆனால் அந்தக் கைக்கு வேலை கொடுப்பார் இல்லை. குணமடைந்தவர்களுக்குத் தொழில் கற்றுத்தர ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கம் 1963-இல் காட்பாடியில் தொடங்கிய பட்டறைதான் பின்னாளில் ‘வொர்த்’ அறக்கட்டளையானது. போலியோவால் கால் சூம்பியவர்களும் காது கேளாதவர்களும் அங்கே சேர்ந்தார்கள். லேத்திலும் துளையிடும் எந்திரத்திலும் வேலை செய்து, தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுத்து, ஊதியம் வாங்கினார்கள். பெர்கின்ஸ் பள்ளி தன் பிரெய்லரை இங்கே செய்யக் கொடுத்தது இந்தக் கைகளை நம்பித்தான். தானம் என்றால் பணக்கார நாடு தர ஏழை நாடு வாங்கிக்கொள்வது என்றே பழகியிருக்கிறோம். இங்கே காட்பாடியின் மாற்றுத்திறனாளித் தொழிலாளி செய்த பொருள் எங்கோ ஒரு பார்வையற்ற குழந்தையின் மேசைக்குப் போகிறது.

அப்படிப் போவது எளிதல்ல. மலாவி நாட்டை எடுத்துக்கொள்வோம். அதற்குக் கடற்கரை கிடையாது. கப்பலில் வரும் சரக்கு மொசாம்பிக்கின் பெய்ரா, நகாலா துறைமுகங்களிலோ தான்சானியாவின் தார் எஸ் சலாமிலோ இறங்கி, அங்கிருந்து லாரியிலும் ரயிலிலும் போகவேண்டும். விலையும் கூலியும் பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள் தலையில். பன்னிரண்டு வயதில் பள்ளி ஆய்வக விபத்தில் பார்வை இழந்த ஜான் வில்சன் 1950-இல் தொடங்கிய சைட்சேவர்ஸ் அவற்றில் ஒன்று. பார்வையற்ற குழந்தையைத் தொலைதூர விடுதிக்கு அனுப்பாமல், சொந்த ஊர்ப் பள்ளியிலேயே சேர்த்து, ஊர் ஊராகப் போகும் ஆசிரியரைக் கொண்டு பிரெய்ல் கற்பிக்கும் முறையை ஆப்பிரிக்காவில் ஊன்றியதில் அவருக்குப் பங்குண்டு. அப்படிப்பட்ட ஆசிரியர்களை மலாவியில் மொண்ட்ஃபோர்ட் சிறப்புக் கல்விக் கல்லூரி பயிற்றுவிக்கிறது.

எந்திரம் பள்ளியை அடையும் நாளில் படம் எடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் அதன் வாழ்வு. தூசு ஏறும், ஈரம் படும், ஒரு விசை மேலெழாமல் நிற்கும். கழற்றித் துடைத்து மாட்டத் தெரிந்த ஒருவர் அந்த மாவட்டத்தில் இருந்தால் பிரெய்லர் பல பத்தாண்டுகள் உழைக்கும். இல்லையென்றால் அலமாரியில் பூட்டிவைப்பார்கள். தடித்த பிரெய்ல் தாளும் தீரத் தீர வரவேண்டும். பெர்கின்ஸ் பல நாடுகளில் பழுதுபார்ப்போருக்குப் பயிற்சி தந்திருக்கிறது. அதற்குக் கொடுக்கும் பணம் படத்தில் தெரியாது. ஆனாலும் புது எந்திரம் வாங்குவதற்கு முன் அதற்குத்தான் கொடுக்கவேண்டும்.

எங்கள் ஏற்காட்டு மலையில் வெள்ளக்கடைப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களுக்குள் இருந்து பள்ளிக்கு நடக்கும் ஏழு வயதுப் பிள்ளை ஐந்து கிலோ எந்திரத்தை மலைப்பாதையில் தினமும் சுமக்க முடியாது. பள்ளியில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று இரண்டாவது வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் மலைக்கு வரும்போது பெற்றோர் அவரிடம் இரண்டு எந்திரம், தாள், பழுதுபார்ப்பவரின் தொலைபேசி எண் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்கலாம். காட்பாடி இங்கிருந்து ஒரு பகல் பயணம்தான்.