மரை பொருந்தினால் போதுமா?

ஊறுகாய்ப் புட்டியின் மூடி தொலைந்துபோனால், வேறொரு புட்டியின் மூடியை எடுத்துத் திருகிப் பார்க்கிறோம். மரை பொருந்திவிட்டால் வேலை முடிந்தது. காமிராவின் வில்லையையும் இப்படி மாற்றிப் பொருத்தலாமா? 1950-களில் ஒரு காமிராவுக்கென்று செய்த வில்லையை இன்றைய வேறொரு காமிராவில் பொருத்தினால் தெளிவான படம் விழுமா? விழும். ஆனால் அதை நடத்தி வைப்பது மரை மட்டுமன்று, 28.8 என்ற ஓர் எண். அந்த எண் எப்படிப் பிறந்தது, எங்கே காப்பாற்றப்பட்டது, எங்கே மீறப்பட்டது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

வெட்ஸ்லரில் பிறந்த எண்

ஜெர்மனியில் வெட்ஸ்லர் என்னும் ஊரில் எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனம் நுண்ணோக்கிகளைச் செய்து புகழ் பெற்றிருந்தது. அங்குப் பணியாற்றிய ஆஸ்கர் பார்னாக், திரைப்படத்துக்குப் பயன்படும் 35 மி.மீ. சுருளைக் கொண்டு இயங்கும் சிறிய காமிரா ஒன்றை உருவாக்கினார். 24 மி.மீ. உயரமும் 36 மி.மீ. அகலமும் கொண்ட படம் அதில் விழும். 1925-ஆம் ஆண்டில் லைப்சிக் வசந்தகாலச் சந்தையில் 'லைக்கா' என்ற பெயருடன் அது மக்கள் முன் வந்தது. அப்போது அதன் வில்லையைக் கழற்ற முடியாது.

1930-இல் வந்த லைக்காவில் வில்லையைத் திருகிக் கழற்றி வேறொன்றைப் பொருத்தலாம். மரையின் விட்டம் 39 மி.மீ.; அங்குலத்துக்கு 26 சுற்று. ஜெர்மன் காமிராவில் அங்குலம் ஏன் என்று நீங்கள் கேட்கலாம். நுண்ணோக்கிகளின் மரைகளை ஆங்கில அளவில் அமைப்பது அக்காலத்து வழக்கம். நுண்ணோக்கி செய்த கைகளே இந்தக் காமிராவையும் செய்தன.

மரை எல்லாக் காமிராக்களுக்கும் ஒன்றாகவே இருந்தது. ஆனால் வில்லை வந்து அமரும் வளையத்திலிருந்து படச்சுருள் வரையுள்ள தூரம் காமிராவுக்குக் காமிரா சிறிதளவு வேறுபட்டது. இத்தூரத்தைப் 'பொருத்துத் தொலைவு' என்று அழைப்போம். வேறுபாடு இருந்ததால், ஒருவர் கூடுதல் வில்லை வாங்க விரும்பினால் அது அவருடைய காமிராவுக்கென்றே சரிசெய்யப்பட வேண்டியிருந்தது. அந்தக் காமிராவின் வரிசை எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை வில்லையின்மேல் பொறித்துக் கொடுத்தார்கள். எண் மாறினால் படம் மங்கும். 

1931-இல் இந்நிலை மாறியது. பொருத்துத் தொலைவு 28.8 மி.மீ. என்று எல்லாக் காமிராக்களுக்கும் வரையறுக்கப்பட்டது. அவ்வாறு செய்த காமிராவின் வளையத்தில் '0' என்ற குறி பொறிக்கப்பட்டது. அந்தச் சிறு சுழியத்தின் பொருள் பெரிது: 'எந்த வில்லையையும் கொண்டு வாருங்கள், இங்கே பொருந்தும்.'

ஒரு மயிரிழையின் விலை

சிறிதளவு வேறுபாட்டுக்கு இத்தனை கவலை ஏன்? நியூட்டன் தந்த எளிய விதி ஒன்று இங்கே உதவும். வில்லையின் முன்குவியத்திலிருந்து பொருள் உள்ள தூரத்தையும், பின்குவியத்திலிருந்து பிம்பம் உள்ள தூரத்தையும் பெருக்கினால், குவியத் தூரத்தின் வர்க்கம் கிடைக்கும். 50 மி.மீ. வில்லைக்கு இந்தப் பெருக்குத்தொகை 2500.

மிகத் தொலைவிலுள்ள மலையின் பிம்பம் குவியத்திலேயே விழும். 1 மீட்டருக்கு அப்பால் நிற்கும் மனிதரைத் தெளிவாகக் காட்ட, வில்லையை ஏறத்தாழ 2.6 மி.மீ. முன்னே நகர்த்த வேண்டும். 10 மீட்டருக்கு நகர்வு 0.25 மி.மீ. 25 மீட்டருக்கு வெறும் 0.1 மி.மீ. அதாவது 25 மீட்டரிலிருந்து அடிவானம் வரையுள்ள உலகம் முழுவதும் வில்லையின் 0.1 மி.மீ. நகர்வுக்குள் அடங்கிவிடுகிறது! ஒரு தலைமயிரின் தடிப்பும் ஏறக்குறைய இவ்வளவுதான்.

ஆகவே பொருத்துத் தொலைவு 0.1 மி.மீ. கூடிப்போனால், நீங்கள் வில்லையை எப்படித் திருப்பினாலும் 25 மீட்டருக்கு அப்பால் தெளிவு கிட்டாது. மரை அழகாகப் பொருந்தியிருக்கும், மலை மங்கியிருக்கும்.

இரண்டாவது உடன்பாடு

1932-இல் வந்த லைக்காவில் ரேஞ்ச்ஃபைண்டர் எனப்படும் தொலைவுமானி வில்லையோடு இணைக்கப்பட்டது. காமிராவின் முகப்பில் சற்றுத் தள்ளித் தள்ளி இரு சிறு சாளரங்கள். அவற்றின் வழியே வரும் இரு பிம்பங்களும் ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரியும். வில்லையைத் திருப்பும்போது, அதன் பின்புற வளையத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் சிறு நெம்புகோல் நகர்ந்து ஒரு பிம்பத்தை நகர்த்தும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் தொலைவு சரி.

இங்கே இரண்டாவது உடன்பாடு ஒன்று தேவைப்பட்டது. வில்லை எவ்வளவு நகர்ந்தால் நெம்புகோல் எவ்வளவு நகர வேண்டும்? லைக்கா தன் '50 மி.மீ.' வில்லையின் உண்மையான குவியத் தூரமான 51.6 மி.மீ. என்பதை அடிப்படையாகக் கொண்டது. 90 மி.மீ. வில்லை 1 மீட்டருக்கு ஏறத்தாழ 9 மி.மீ. நகரும். ஆனால் அதன் உள்ளிருக்கும் சரிவான வளையம் அந்நகர்வைச் சுருக்கி, நெம்புகோலிடம் 51.6 மி.மீ. வில்லையின் கணக்கிலேயே அறிவிக்கும்.

அதே 1932-இல் ஸைஸ் ஐகான் நிறுவனம் போட்டியாகக் காண்டாக்ஸ் காமிராவைக் கொண்டுவந்தது. லுட்விக் பெர்ட்டெலே வடிவமைத்த ஸோனார் வில்லைகள் அதற்குப் பெருமை சேர்த்தன. எஃப் 1.5 வரை ஒளித்துளை திறக்கும் வில்லை அந்நாளில் வியப்புக்குரியது. ஆனால் காண்டாக்ஸின் உலகம் வேறு. அங்கே மரை இல்லை. செருகித் திருப்பிப் பூட்ட வேண்டும். 50 மி.மீ. வில்லைகளை முன்பின் நகர்த்தும் பொறிகூடக் காமிராவில்தான் இருந்தது. பொருத்துத் தொலைவு 34.85 மி.மீ.; அடிப்படைக் குவியத் தூரம் சுமார் 52.4 மி.மீ.

எல்லை கடந்த 28.8

இரண்டாம் உலகப் போருக்குப் பின் காண்டாக்ஸின் கருவிகளும் அச்சுகளும் சோவியத் ஒன்றியத்துக்குச் சென்றன. கீவ் நகரின் அர்செனல் தொழிற்சாலையில் அவை 'கீவ்' காமிராக்களாக மறுபிறவி எடுத்தன. ஸோனார் வில்லைகள் 'ஜூபிட்டர்' ஆயின. லைக்காவைப் பின்பற்றிச் செய்த ஃபெட், ஸோர்க்கி என்னும் சோவியத் காமிராக்களுக்காக இந்த ஜூபிட்டர் வில்லைகள் 39 மி.மீ. மரையுடனும் செய்யப்பட்டன. எதிரிகளாக இருந்த இரு ஜெர்மன் மரபுகள் ஒரே குழலுக்குள் சந்தித்தன. 

சந்திப்பு முழு இணக்கமாக அமையவில்லை. 52.4 மி.மீ. வில்லை 1 மீட்டருக்கு நகர வேண்டிய தூரத்துக்கும் 51.6 மி.மீ. வில்லை நகர வேண்டிய தூரத்துக்கும் உள்ள வேறுபாடு 0.09 மி.மீ. இதனால் ஜூபிட்டரை லைக்காவில் பூட்டி 1 மீட்டரிலுள்ள கண்ணுக்குத் தெளிவு வைத்தால், தெளிவு ஏறத்தாழ 3 செ.மீ. தள்ளிப்போய் விழலாம். மலைக்குச் சரியாக இருக்கும் வில்லை முகத்துக்குத் தவறுவது இதனால்தான்.

மரையை மட்டும் நம்பினால் நேரும் ஏமாற்றத்துக்கு வேறு சான்றுகளும் உண்டு. 1934-இல் கார்க்கீவ் நகரில் தொடங்கிய ஃபெட் காமிராக்களில், போருக்கு முன் 28.8 என்ற அளவு கடைப்பிடிக்கப்படவில்லை. அந்தந்தக் காமிராவுக்கு அதனதன் வில்லை என்ற பழைய நிலையே அங்கு நிலவியது. 1950-களின் தொடக்கத்தில் வந்த ஸெனித் காமிராவுக்கும் அதே 39 மி.மீ. மரைதான், ஆனால் பொருத்துத் தொலைவு 45.2 மி.மீ. ஸெனித் வில்லை ஸோர்க்கியில் தடையின்றித் திருகும். தெளிவான படம் மட்டும் விழாது.

எண்ணைக் காப்பாற்றியவர்களின் பயனையும் பாருங்கள். ஜப்பானிய நிறுவனங்கள் 28.8-ஐ மதித்து வில்லைகள் செய்தன. 1950-இல் கொரியப் போரைப் படமெடுத்த அமெரிக்கர் டேவிட் டக்ளஸ் டங்கன், ஜெர்மன் லைக்காவில் ஜப்பானிய நிக்கார் வில்லைகளைப் பூட்டியே படம் எடுத்தார். ஜப்பானிய வில்லைகளின் தரத்தை மேலைநாடுகள் உணர அப்படங்கள் காரணமாயின.

1954-இல் லைக்கா மரையைக் கைவிட்டு, எம்3 காமிராவில் பூட்டு முறைக்கு மாறியது. பழைய வில்லைகள் வீணாயினவா? இல்லை. புதிய பொருத்துத் தொலைவு 27.8 மி.மீ. பழையதிலிருந்து சரியாக 1 மி.மீ. குறைவு. 1 மி.மீ. தடிப்புள்ள வளையம் ஒன்றை இடையில் வைத்தால் 1931-ஆம் ஆண்டு வில்லையும் புதிய காமிராவில் வேலை செய்தது.

கண்ணாடி வந்தது, கண்ணாடி போனது

1959-இல் வெளிவந்த நிக்கான் எஃப் போன்ற பிரதிபலிப்புக் காமிராக்கள் பின்னர் உலகை ஆண்டன. வில்லை காட்டும் காட்சியையே கண்ணுக்குக் காட்ட, அவற்றினுள் 45 பாகைச் சாய்வில் ஓர் ஆடி உண்டு. அந்த ஆடிக்கு இடம் வேண்டும். நிக்கான் எஃப்பின் பொருத்துத் தொலைவு 46.5 மி.மீ. இதில் லைக்கா வில்லையை எப்படியாவது பொருத்தினாலும் அது 17.7 மி.மீ. முன்னே தள்ளி நிற்கும். 2500-ஐ 17.7-ஆல் வகுத்துப் பாருங்கள்: 141 மி.மீ. வில்லையிலிருந்து ஏறத்தாழ 19 செ.மீ. தொலைவிலுள்ள பூ ஒன்று தெளிவாகத் தெரியும். பூவுக்கு அப்பால் எதுவும் தெரியாது. இடையில் வளையம் சேர்க்கலாம். இல்லாத இடத்தைக் கழிக்க முடியாது. அதனால் பல்லாயிரம் தொலைவுமானி வில்லைகள் அலமாரிகளில் உறங்கின.

ஆடி இல்லாத எண்முறைக் காமிராக்கள் 2008 முதல் வந்தபோது நிலைமை தலைகீழாயிற்று. 2010-இல் வந்த ஸோனி இ பொருத்துக்கு 18 மி.மீ.; 2018-இல் வந்த நிக்கான் இஸட் பொருத்துக்கு 16 மி.மீ. தொலைவே உள்ளது. 28.8 மி.மீ. தேவைப்படும் வில்லைக்கு இங்கே தாராளமாக இடம் உண்டு. ஸோனியில் 10.8 மி.மீ., நிக்கானில் 12.8 மி.மீ. தடிப்புள்ள வெற்று வளையம் போதும். மேலும், தெளிவை உணரியிலிருந்து நேராகவே திரையில் பார்த்துவிடுவதால் நெம்புகோலின் சண்டையும் தீர்ந்தது. இரண்டு உடன்பாடுகளில் ஒன்று மட்டுமே மிஞ்சியது. 

சில எச்சரிக்கைகள் உண்டு. ஜூபிட்டர்-12 போன்ற அகலக்கோண வில்லைகளின் பின்பகுதி உள்ளே நீண்டு செல்லும். எல்லாக் காமிராவிலும் அது புகாது. புகுந்தாலும், உணரியின் முன்னுள்ள கண்ணாடித் தகட்டின்மேல் ஒளி மிகச் சாய்வாக விழுவதால் படத்தின் மூலைகள் குழையலாம்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாலை

சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் தந்த ஜூபிட்டர்-8 வில்லையை ஸோனி காமிராவில் பொருத்த, விலை மலிவான வளையம் ஒன்று வாங்கினேன். மாடியிலிருந்து கோபுரத்தை எடுத்தேன். எஃப் 2-இல் கோபுரம் பஞ்சுபோல் மங்கியது. எஃப் 8-இல் தெளிந்தது. வில்லைக்கு வயதாகிவிட்டது என்று முடிவு கட்டி அதைத் திருப்பித் தரவும் எண்ணினேன்.

மறுநாள் செய்முறை வகுப்பில் மாணவர்கள் திருகு அளவியால் கம்பியின் விட்டத்தை அளந்துகொண்டிருந்தார்கள். அந்த வளையத்தையும் கொடுத்து அளக்கச் சொன்னேன். 10.80 இருக்க வேண்டிய இடத்தில் 10.90 வந்தது. சுற்றிலும் எட்டு இடங்களில் அளந்தும் ஏறக்குறைய அதுவே. ஒரு மாணவி நியூட்டன் விதியைப் போட்டு, 'அப்படியானால் 25 மீட்டருக்குள் எல்லாம் தெளிவாக இருக்க வேண்டுமே, ஐயா' என்றார். நாடாவுடன் மைதானத்துக்குப் போனோம். 20 மீட்டரில் நின்ற வேப்பமரம் எஃப் 2-இல் இலை இலையாகத் தெரிந்தது. 60 மீட்டரிலிருந்த தண்ணீர்த் தொட்டி மங்கியது.

எஃப் 8-இல் தெளிந்த காரணமும் விளங்கியது. உணரிக்கு முன்பின் எவ்வளவு பிசகினாலும் கண் பொறுத்துக்கொள்ளும் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. எஃப் 2-இல் அது சுமார் 0.06 மி.மீ.; எஃப் 8-இல் 0.24 மி.மீ. சிறிய துளை பிழையைத் திருத்தவில்லை, மறைத்தது. 

கடைசல் பட்டறையில் கொடுத்து வளையத்தின் ஒரு முகத்தை 0.1 மி.மீ. சீவி வாங்கினோம். கோபுரத்தின் பொம்மைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. நான் குறை சொன்ன வில்லை குற்றமற்றது. 

அன்று முதல் செய்முறை வகுப்பில் 'மீச்சிற்றளவு 0.01 மி.மீ.' என்று கரும்பலகையில் எழுதும்போது, அந்த வளையத்தையும் மேசைமேல் வைக்கிறேன். 1931-இல் வெட்ஸ்லரில் 28.8 என்று முடிவு செய்தவர்கள் எண்முறைக் காமிராவைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். தாங்கள் செய்யும் ஒவ்வொரு காமிராவிலும் அந்த அளவைத் தவறாமல் காத்தார்கள், அவ்வளவே. அதனால்தான் அவர்களுக்குப் பின் வந்த நாம், அவர்கள் அறியாத காமிராவில், அவர்கள் அறியாத ஊரின் கோபுரத்தைப் படமெடுக்க முடிகிறது. உங்கள் வீட்டு அலமாரியிலும் பழைய வில்லை ஒன்று உறங்கலாம். அதைக் குறை சொல்லும் முன், இடையிலுள்ள வளையத்தை ஒருமுறை அளந்து பாருங்கள்.