டூப்பு: மல்யுத்தக் கதையாடலும் தோற்பவன் கூலியும்

1

'அதெல்லாம் டூப்புடா. அடிக்கிற மாதிரி அடிக்கறான், உழுகற மாதிரி உழுகறான்.'

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஏற்காட்டில் கேபிள் இழுத்த புதிது. டீக்கடை டி.வி.க்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு டபிள்யூ.டபிள்யூ.எஃப். பார்த்த எங்களிடம் பெரியவர்கள் இதைத்தான் சொன்னார்கள். வாத்தியார் சொன்னார். எஸ்டேட் கணக்கப்பிள்ளை சொன்னார். தோழர் ஒருவர் இன்னும் கொஞ்சம் கூட்டி, ஏகாதிபத்தியக் குப்பை என்றார். சில்வர் ஓக் மரங்களில் ஏணி சாத்தி மிளகு பறிக்கும் என் பெரியப்பா மட்டும் எங்களோடு நின்று கடைசிவரை பார்ப்பார். ஜெயிக்கிறவனை அவர் பார்த்த மாதிரித் தெரியவில்லை. 'எவ்வளவு பக்குவமா உழுகறான் பாரு' என்பார்.

டூப்பு என்பது எங்களுக்கும் தெரிந்துதான் இருந்தது. பெட்டிக்கடையில் வாங்கிய சீட்டுக்கட்டில் ஒவ்வொரு வீரனின் உயரம், எடை, மார்பளவு, மோதிய சண்டை, வென்ற சண்டை எல்லாம் அச்சிட்டிருக்கும். அந்த எண்களை நம்பினோம் என்றும் சொல்ல முடியாது, நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. அண்டர்டேக்கர் செத்துச் செத்துப் பிழைத்து வந்தவன் என்று ஒருத்தன் சொல்வான். இன்னொருத்தன் சிரிப்பான். சிரித்தவனே ராத்திரி அவனை நினைத்துப் பயப்படுவான்.

முப்பது வருஷம் கழித்து அந்த 'டூப்பு' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டு யோசிக்கிறேன். தமிழில் அதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று பொய்: 'டூப்பு விடாதே'. மற்றது, சினிமாவில் கதாநாயகனுக்குப் பதிலாக மாடியிலிருந்து குதிக்கிறவன். மல்யுத்தம் டூப்புதானே என்று முதல் பொருளில் கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். இரண்டாவது பொருளில் கேட்டால் கேள்வியே மாறிவிடுகிறது. யாருக்குப் பதிலாக யார் விழுகிறான்? விழுவதற்கு என்ன கூலி? முடிவை எழுதுவது யார்?

2

மற்போர் பற்றிய நம் பழம் பிரதிகளில் புறநானூற்றின் 80ஆம் பாட்டு முக்கியமானது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனைப் பொருது வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடுகிறார். மகனோடு பிணங்கியிருந்த தகப்பன் தித்தன், விரும்பினாலும் சரி விரும்பாவிட்டாலும் சரி, இந்தக் காட்சியைக் காணவேண்டும் என்கிறார் புலவர். பிணங்கிய தகப்பன், ஊர் பார்க்க நடக்கும் மோதல், மார்பில் ஊன்றிய கால். இன்றைக்கு அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு மல்யுத்தக் கதை எழுதுகிறவனுக்கும் இதற்குமேல் சரக்கு வேண்டாம்.

இந்தப் பிரதியில் வென்றவனுக்குப் பெயர் இருக்கிறது. அவன் அப்பனுக்குப் பெயர் இருக்கிறது. பாடியவருக்கும் பெயர் இருக்கிறது. தோற்றவனோ வெறும் ஆமூர் மல்லன், ஊரும் தொழிலும் மட்டும்தான். பின்னால் ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் 'மாமல்லன்' என்று பட்டம் சூட்டிக்கொண்டான், அந்தப் பெயரில் ஒரு பட்டினமும் நிலைத்துவிட்டது. மல்லன் என்ற சொல் ராஜாவுக்குப் பட்டம், கூலிக்கு மோதுகிறவனுக்கு அடையாளம் அழியும் இடம்.

எங்கள் மலைக்கு வருவோம். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் பொங்கலின்போது ஆடும் எருதாட்டத்தை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியான தன் தொகுதிகளில் பதிவு செய்திருக்கிறார். எருதின் மேல் கயிறு கட்டி இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்துக்கொள்ள, முன்னால் நிற்பவன் கோலை ஆட்டிச் சீண்டுகிறான். எருது பாய்கிறது, கயிறு இழுத்து நிறுத்துகிறது. மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டின் சாதுவான நகல் என்பது அந்தப் பதிவு தரும் தீர்ப்பு. டீக்கடையில் எங்களுக்குக் கிடைத்த அதே தீர்ப்புதான்: டூப்பு. கயிறு எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருக்கிறது என்பது அதிகாரியின் கண்ணில் படவில்லை. கூடி நிற்கிறவர்களை அங்கே யாரும் ஏமாற்றவில்லை. கயிறு இருப்பதால்தான் அது சண்டை என்ற நிலையிலிருந்து ஆட்டம் என்ற நிலைக்கு வருகிறது.

ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட 'மித்தாலஜீஸ்' நூலின் முதல் கட்டுரையே மல்யுத்தம் பற்றியது. குத்துச்சண்டை பார்க்கிறவன் யார் ஜெயிப்பான் என்று பந்தயம் கட்டுகிறான். மல்யுத்தம் பார்க்கிறவனுக்கு அது முன்கூட்டியே முடிவானதா என்ற கவலையே இல்லை, வலியும் அநியாயமும் தண்டனையும் பச்சையாகக் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதுதான் அவனுக்கு வேண்டும் என்பது பார்த்தின் வாதம். சரிதான். ஆனால் பார்த் உடலைக் குறியாக வாசித்தார். குறி விழுந்தால் எலும்பு முறியாது.

3

டி.வி.க்கு முன்பே இந்தக் கதையாடல் நமக்கு வந்துவிட்டது. ஹங்கேரியில் பிறந்த எமில் சாயா, 'கிங்காங்' என்ற பெயரில் சிங்கப்பூரை மையமாக வைத்து இந்தியா, இலங்கை, மலேயா எங்கும் மோதினார். நாற்பதுகளின் இறுதியில் சிங்கப்பூருக்குப் போன பஞ்சாபி தாரா சிங் அவருக்கு எதிர்ப்பாத்திரமானார். காலனியம் முடிந்த கையோடு, மலைபோன்ற வெள்ளை உடலை இந்திய உடல் தூக்கிப் போடும் காட்சிக்குக் கூட்டம் கூடியதில் வியப்பில்லை. பெரியப்பா கிங்காங்கைப் பார்த்ததில்லை, பார்த்ததாகச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறார். தமிழில் பருத்த ஆளுக்கெல்லாம் 'கிங்காங்' பட்டப்பெயராகி நிலைத்தது. தாரா சிங்கோ தொலைக்காட்சி ராமாயணத்தில் அனுமனாகி, 2003இல் மாநிலங்களவைக்கும் போனார்.

ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்துக்குள் நுழைகிற வழியில், டி.ஆர். சுந்தரம் முப்பதுகளில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு நிற்கிறது. கருணாநிதி வசனத்தில் எம்.ஜி.ஆர். நடித்த 'மந்திரிகுமாரி' (1950) இந்த நிறுவனத்தின் படம். எம்.ஜி.ஆர். படங்களில் வில்லனோடு நடக்கும் வாள் சண்டைக்கு முன்னால், பெயரில்லாத அடியாட்கள் வரிசையாக வந்து விழுந்துகொண்டே இருப்பார்கள். ஆமூர் மல்லனின் வாரிசுகள் என்று அவர்களைச் சொல்லலாம். டைட்டிலில் அவர்களைத் தேடாதீர்கள்.

நம்பியாரைத் திரையில் பார்த்து மண்ணை வாரித் தூற்றிய அதே பெண்களுக்கு, அவர் சபரிமலைக் குருசாமி என்பதும் தெரியும். இரண்டு அறிவும் ஒரே மனசில் ஒன்றையொன்று இடிக்காமல் உட்கார்ந்திருந்தன. வேஷத்தைக் கலைக்காமல் காப்பாற்றும் இந்த ஏற்பாட்டை அமெரிக்க மல்யுத்தக்காரர்கள் 'கேஃபேப்' என்பார்கள். வேஷம் கலைந்து நிஜமாக நடந்துவிடுவதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் 'ஷூட்'. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரை நிஜமாகவே சுட்டார். கழுத்தில் கட்டோடு இருந்த எம்.ஜி.ஆரின் படம் தேர்தல் சுவரொட்டியானது. படுக்கையில் இருந்தபடியே அவர் பரங்கிமலையில் ஜெயித்தார். நிஜம் கதையாடலை உடைக்கவில்லை, அதற்கு இன்னொரு அத்தியாயம்தான் ஆனது. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எழுதிய 'தி இமேஜ் ட்ராப்', திரைப் பிம்பம் எப்படி அடித்தட்டு மக்களின் ஒப்புதலாகியது என்று கேட்டது. நான் ரசிகனாகச் சேர்த்துக்கொள்வது ஒன்றுதான்: அந்த மக்கள் ஏமாளிகள் இல்லை. டூப்பு என்று தெரிந்தும் ஒப்புக்கொடுக்க முடியும். ஆகவே 'பொய் என்று தெரிந்துகொள்' என்று மட்டும் சொல்கிற அரசியல் அதிக தூரம் போகாது.

4

அமெரிக்க முதலாளிகளே இதை முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்கள். 1989இல் நியூ ஜெர்சி மாகாண மேலவையில், தங்கள் மல்யுத்தம் போட்டி அல்ல, கேளிக்கைதான் என்று டபிள்யூ.டபிள்யூ.எஃப். தரப்பு ஒத்துக்கொண்டது. ஞானோதயம் எதுவும் இல்லை. விளையாட்டு என்றால் அரசு ஆணையத்தின் கண்காணிப்பும் வரியும் உண்டு, கேளிக்கை என்றால் தப்பிக்கலாம்.

கதைகளின் அரசியலைச் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. டெஹ்ரான் தூதரகப் பணயக்கைதி விவகாரம் முடிந்து மூன்று வருஷத்தில், 1984 ஜனவரி 23 அன்று, ஹல்க் ஹோகன் ஈரானியரான அயர்ன் ஷேக்கை வீழ்த்திப் பட்டம் வாங்கினார். 1991 வளைகுடாப் போரின்போது சார்ஜண்ட் ஸ்லாட்டர் என்ற அமெரிக்கரையே ஈராக் ஆதரவாளனாக வேஷம் கட்டவைத்து, அவரையும் ஹோகனிடம் தோற்கவைத்தார்கள். மற்றமை எப்போதும் தோற்கவேண்டும். 2017 மே மாதம் கனடாவில் பிறந்த பஞ்சாபி ஜிந்தர் மஹாலுக்குப் பட்டம் கொடுத்தார்கள். ஒரே ஆள் அமெரிக்கக் கூட்டத்துக்குப் பஞ்சாபி பேசி எரிச்சலூட்டும் வில்லன், இந்தியச் சந்தைக்கு மகாராஜா. நவம்பரில் பட்டம் போயிற்று. டிசம்பர் 9 அன்று டெல்லியிலேயே, இந்தியக் கூட்டத்தின் முன்னாலேயே, நிறுவனத்தின் உயரதிகாரியும் முதலாளியின் மருமகனுமான ட்ரிபிள் எச்சிடம் தோற்றார்.

இந்தத் தொழிலின் பரிபாஷையில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒரு சின்னச் சொல். சொல்லிவைத்தபடி தோற்பதற்கு அவர்கள் 'ஜாப்' செய்வது என்பார்கள். அதையே பிழைப்பாகக் கொண்டவன் 'ஜாபர்'. ஜெயிப்பதற்குப் பட்டம், புகழ், பெல்ட் என்று ஆயிரம் சொல். தோற்பதற்கு ஒரே சொல், வேலை. நன்றாகத் தோற்கத் தெரிந்தவன் இல்லாவிட்டால் வீரன் இல்லை. எதிராளியின் கழுத்து முறியாமல் தூக்கவும், தன் முதுகு முறியாமல் விழவும் தெரிந்த அந்தக் கைத்திறன்தான் மொத்தக் கடையையும் நடத்துகிறது.

5

எங்கள் ஊர் விடுதிப் பள்ளிகளில் படித்த பட்டணத்துப் பிள்ளைகள் மூலம்தான் வீடியோ கேமை முதலில் பார்த்தோம். கேசட்டைச் சொருகி டி.வி.யில் ஆடுவது. நின்டெண்டோவின் 'ப்ரோ ரெஸ்லிங்' (1986) ஆட்டத்தில் ஜப்பானிய வீரன், கொரிய வீரன், மெக்சிக முகமூடிக்காரன், அமெரிக்கர் இருவர். மிச்சமிருந்த ஒருவன் 'அமேசான்', பாதி மீன் பாதி மனிதன், கடிப்பான். காட்டிலிருந்து வருகிறவனுக்கு மனித உடல்கூட ஒதுக்கப்படவில்லை. மலைக்காரப் பையன்கள் நாங்கள் போட்டி போட்டுக்கொண்டு அவனைத்தான் எடுத்தோம்.

ஆனால் கேம் இன்னொன்றையும் செய்தது. டி.வி.யில் முடிவு ஏற்கெனவே எழுதப்பட்டது. கேமில் அப்படி இல்லை, என் கை வேகமாக ஓடினால் யாரும் ஹோகனை வீழ்த்தலாம். கதையாடலின் நகல்தான் நிஜப் போட்டியானது. பிறகு 2000இல் வந்த 'ஸ்மாக்டவுன் 2' போன்றவற்றில் நாமே ஒரு வீரனை உருவாக்கிக்கொள்ளும் வசதியும் இருந்தது. சேலத்து கேம் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து நான் செய்த வீரனுக்குப் பெரியப்பாவின் மீசை. இடுப்பில் லுங்கி கட்டத்தான் வழியில்லை. எந்த உடல், எந்த நிறம், எந்த நடை என்ற பட்டியல் வேறொருவர் போட்டது. நமக்குக் கிடைத்தது தேர்வு, எழுத்து அல்ல.

அப்புறம் வந்த ஆட்டங்கள் அந்தச் சுதந்திரத்திலும் கை வைத்தன. 2012இல் வந்த 'டபிள்யூ.டபிள்யூ.இ. 13', தொண்ணூறுகளின் பிற்பகுதிப் போட்டிகளை நடந்தபடியே நடத்திக்காட்டச் சொன்னது. வரலாற்றில் ஜெயித்தவனையே நீயும் ஜெயிக்கவைக்க வேண்டும், அப்போதுதான் அடுத்த கதவு திறக்கும். மனைவியையும் மகனையும் கொன்றுவிட்டு 2007 ஜூனில் தற்கொலை செய்துகொண்ட கிறிஸ் பென்வா, அதற்குப்பின் வந்த ஆட்டங்களில் இல்லை. அவரைக் கொண்டாடவேண்டும் என்று சொல்லவில்லை. தொழில் அந்த மூளைக்கு என்ன செய்தது என்ற கேள்வியும் அவரோடு சேர்ந்து காணாமல் போகிறது. ஆவணக் காப்பகத்தின் சாவி முதலாளியிடமே இருந்தால் வரலாறு இப்படித்தான் எழுதப்படும்.

6

1997 மிளகு சீசனில் பெரியப்பா ஏணியிலிருந்து விழுந்தார். இடுப்பெலும்பு போயிற்று. எஸ்டேட்டில் போய்க் கேட்டோம். 'அவரு எங்க ஆளு இல்லீங்க, காண்ட்ராக்ட்டு ஆளு' என்றார்கள். காண்ட்ராக்டரிடம் போனால், ஏணியை அவர் சரியாகச் சாத்தவில்லை என்றார். கொஞ்சம் காசு கொடுத்தார், கைநாட்டு வாங்கிக்கொண்டார். அதற்குமேல் கதை இல்லை.

1999 மே 23 அன்று கன்சாஸ் சிட்டியில், அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறக்கப்பட்ட ஓவன் ஹார்ட், பிடி கழன்று கீழே விழுந்து செத்தார். அவரைத் தூக்கிக்கொண்டு போனபிறகும் நிகழ்ச்சி நிற்கவில்லை. அந்தச் செய்தியைப் பேப்பரில் பார்த்துவிட்டுப் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். டூப்பா நெசமா என்று அவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, 'அந்தாளு கம்பெனி ஆளா, காண்ட்ராக்ட்டு ஆளா கண்ணு?' என்றார்.

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகுதான் படித்தேன்: அந்த நிறுவனத்தின் காகிதங்களில் மல்யுத்தக்காரர்கள் ஊழியர்கள் அல்ல, தனி ஒப்பந்தக்காரர்கள். இன்றைக்கும் அப்படித்தான். 1986இல் ஜெஸ்ஸி வென்சுரா சங்கம் கட்டலாம் என்று சக வீரர்களிடம் பேசினார். அந்தப் பேச்சு முதலாளியின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. கொண்டுபோனவர் ஹல்க் ஹோகன் என்பது 1994இல் நீதிமன்றச் சாட்சியத்தில் வெளியே வந்தது. திரையில் எல்லா வில்லன்களையும் வீழ்த்திய நாயகன். சங்கம் வரவில்லை.

2023இல் டெல்லி ஜந்தர் மந்தரில் வினேஷ் போகத்தும் சாக்ஷி மாலிக்கும் பஜ்ரங் புனியாவும் நடைபாதையில் உட்கார்ந்தபோது, அது எழுதிக்கொடுத்த நாடகம் என்று பேசியவர்கள் உண்டு. ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய உடல்களுக்கும் கடைசியில் அந்தச் சொல்தான்: டூப்பு. நம் தோழர்கள் அடுத்தமுறை அந்தச் சொல்லை எடுக்கும்போது, இரண்டாவது பொருளையும் சேர்த்து நினைத்துக்கொண்டால் நல்லது. யார் விழுகிறார்கள், விழுந்தவர் யாருடைய ஆள் என்று காகிதத்தில் எழுதியிருக்கிறது, அதை எழுதியது யார். பெரியப்பாவுக்கு இதில் கோட்பாடு ஒன்றும் தேவைப்படவில்லை.